முதிய எலிக்கு இமிப்ரமின்: திசுக் கொழுப்பை அளக்கையில் தவிர்க்க வேண்டியவை

சென்ற மாதம் புதிய மாணவி ஒருத்தி வரைபடத்தோடு என் மேசைக்கு வந்தாள். 24 மாத எலியின் கல்லீரலில் வயதோடு ஏறியிருந்த செராமைடு என்ற கொழுப்பு, இமிப்ரமின் கொடுத்ததும் இளம் எலியின் அளவுக்கு இறங்கியிருந்தது. 1957இல் ரோலண்ட் குன் மனச்சோர்வுக்கு உதவுவதாக அறிவித்த அதே மருந்து. அவளுடைய சந்தோஷம் எனக்குப் பழக்கமானது. இதே படத்தை நானும் வரைந்திருக்கிறேன். பிப்பெட் பிடிப்பதை யாரும் சொல்லித்தருவார்கள், அதை விட்டுவிடுகிறேன்.

எதால் வகுத்தீர்கள்?

"பாஸ்பரஸால், மேடம்" என்றாள். கோளாறே அங்கேதான்.

பாஸ்பரஸை அளந்து 25ஆல் பெருக்கினால் மொத்தப் பாஸ்போலிப்பிடு, அதாவது பாஸ்பரஸ் உள்ள கொழுப்பு, எவ்வளவு என்று கிடைக்கும். செராமைடை அந்த அளவால் வகுப்பது வழக்கம், மருந்து படாத திசுவில் சரியும்கூட. ஆனால் இமிப்ரமின் காரத்தன்மை உள்ளது. செல்லுக்குள் கழிவைச் சிதைக்கும் பையான லைசோசோமின் அமிலத்துக்குள் போனதும் மின்னூட்டம் பெற்று, வெளியே வர முடியாமல் தேங்கிவிடும். அங்கே ஸ்பிங்கோமயலின் என்ற பாஸ்போலிப்பிடைச் செராமைடாக உடைக்கும் நொதியைச் சவ்விலிருந்து கழற்றிவிடுகிறது, நொதி சிதைந்துபோகிறது. செராமைடு உண்மையில் குறைவது இந்த வழியில்தான். அப்புறம், பாஸ்போலிப்பிடுகள் சிதைவதையும் இமிப்ரமின் தடுக்கிறது. அவை குவிந்து, எலக்ட்ரான் நுண்ணோக்கியில் நறுக்கிய வெங்காயம் மாதிரி அடுக்கடுக்காகத் தெரியும். உடைபடாத ஸ்பிங்கோமயலினிலும் பாஸ்பரஸ் உண்டு. ஆக, வகுக்கும் எண்ணே மருந்தால் பெருத்துவிடுகிறது. செராமைடு துளியும் குறையாவிட்டாலும் விகிதம் இறங்கும்.

என் படத்திலும் இதே கோளாறு. நான் அதைக் கண்டுபிடித்தபோது திசு தீர்ந்திருந்தது. ஈரத்திசுவின் எடையை நோட்டில் எழுதி வைக்கவில்லை, திருப்பிக் கணக்கிட வழியே இல்லை. முதிய எலிகளை மறுபடி வளர்த்தெடுக்க இரண்டு வருஷம். இன்றைக்கும் நினைத்தால் எரிச்சல் வருகிறது. அந்த எலிகள் வீணாகச் செத்தன.

மாணவியின் நோட்டில் எடை இருந்தது. ஒரு கிராம் திசுவுக்கு எவ்வளவு என்று உட்கார்ந்து மறுபடி போட்டோம். இறக்கத்தில் பாதிதான் மிஞ்சியது. அந்தப் பாதி நிஜம்.

தீனி

மருந்து சாப்பிடும் எலிக்குப் பசி குறையலாம். குறைவாகத் தின்றாலே கல்லீரல் கொழுப்பு மாறும். அதே அளவு தீனி மட்டும் பெறும், மருந்தில்லாத முதிய எலிக் குழு ஒன்று கட்டாயம் வேண்டும்.

3 மாத எலியோடு மட்டும் ஒப்பிடுவது

அது இன்னும் வளர்கிறது. 12 மாத எலியையும் சேருங்கள்.

மூளை

எடுத்த கையோடு திரவ நைட்ரஜன். தாமதித்தால் கொழுப்பமிலங்கள் பிரிந்து பெருகும்.

குளோரோபாமுக்குப் பிளாஸ்டிக் குழாய்

வேண்டாம். கண்ணாடி.