தோப்புக்கு வேலி, மாட்டுக்குக் காடு: ஃபுளோரிடா முன்னோடிக் குடும்பங்களை எழுதுவோர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

அமெரிக்காவின் ஃபுளோரிடா மாநிலத்து நகரமான ஆர்லாண்டோ என்றதும் டிஸ்னி நினைவுக்கு வருவது இயல்பு. ஆனால் நகர நடுவிலுள்ள லேக் ஈயோலா பூங்காவுக்கு நிலம் கொடுத்தவர் ஜேக்கப் சம்மர்லின் என்ற மாட்டு வியாபாரி. 19ஆம் நூற்றாண்டில் மத்திய ஃபுளோரிடாவில் குடியேறிய குடும்பங்கள் மாட்டையும் ஆரஞ்சையும் நம்பியே பிழைத்தன. அவர்களைப் பற்றி எழுதுபவர்கள் பெரும்பாலும் கவ்பாய் படங்களைப் பார்த்துவிட்டுப் பேனாவை எடுக்கிறார்கள். கோளாறு அங்கேதான் தொடங்குகிறது.

முதல் தவறு, மாட்டைச் சுற்றி வேலி போடுவது. அங்கே வேலி இருந்தது தோப்புக்கும் காய்கறித் தோட்டத்துக்கும்தான். மாடு உள்ளே புகுந்துவிடக் கூடாதே என்பதற்காக. மாடுகள் பைன் காடுகளிலும் சதுப்பு நிலங்களிலும் தம் போக்கில் திரிந்தன. காதில் வெட்டிய அடையாளமும் தோலில் சுட்ட சூடும்தான் இன்னாருடையது என்று சொல்லும். மாடுகளைக் கட்டிவைக்கும் பொறுப்பை மாநிலம் முழுவதும் உரிமையாளர் தலையில் சட்டம் சுமத்தியது 1949இல்தான். எனவே “160 ஏக்கர் பண்ணையில் மாடு மேய்த்தார்கள்” என்று எழுதாதீர்கள். குடியேறுவோருக்கு அரசு நிலம் தந்த 1862ஆம் ஆண்டு ஹோம்ஸ்டெட் சட்டப்படி ஒரு குடும்பத்துக்கு 160 ஏக்கர் வரை கிடைத்தது உண்மை. மந்தை மேய்ந்ததோ பெரும்பாலும் அவர்களுக்குச் சொந்தமில்லாத நிலத்தில். அதை ஓட்டி வரச் சுருக்குக் கயிற்றைவிட நீண்ட சாட்டையும் நாய்களுமே அதிகம் உதவின.

அந்த நிலம் ஆளில்லாமல் கிடந்தது என்பது இதைவிடப் பெரிய பிழை. பூர்வகுடிகளான செமினோல் மக்கள் அங்கே ஏற்கெனவே மாடு வளர்த்தார்கள். அவர்களைத் தெற்கே தள்ளவே, ஆயுதம் தாங்கி ஐந்தாண்டு குடியிருப்போருக்கு நிலம் தரும் சட்டம் 1842இல் வந்தது. கறுப்பின மாட்டுக்காரர்களையும் பல நூல்கள் வசதியாக மறந்துவிடுகின்றன.

மரம் நட்டதும் காசு கொட்டியது என்பதும் கற்பனை. விதையிலிருந்து வளர்த்த ஆரஞ்சு பலன் தரவே பல ஆண்டுகள் ஆகும். ஸ்பானியர் காலத்திலிருந்து காடேறிக் கிடந்த புளிப்பு ஆரஞ்சு மரங்களில் இனிப்பு ஆரஞ்சை ஒட்டுக் கட்டியவர்கள் கொஞ்சம் முந்திக்கொண்டார்கள். அதுவரை கைக்குக் காசு தந்தது மாடு. ஃபுளோரிடாவின் தென்மேற்குக் கரையிலுள்ள புன்டா ராசா துறையிலிருந்து கியூபாவுக்குக் கப்பலேறிய மாடுகளுக்கு ஸ்பானியத் தங்க நாணயம் கிடைத்தது. மாடு வைத்திருந்ததால் தினமும் மாட்டிறைச்சி உண்டார்கள் என்றும் எழுத வேண்டாம். அந்த வெயிலில் ஒரு முழு மாட்டின் இறைச்சியை எங்கே வைப்பது? உப்பிட்ட பன்றியிறைச்சி, மக்காச்சோளம், சர்க்கரைவள்ளிக் கிழங்கு, கரும்புப் பாகு, இவையே அன்றாடச் சாப்பாடு. அந்தக் கிழங்குக்கும் மாடு வேண்டும். மணல் நிலத்தில் கிடை போட்டு, சாணம் சேர்ந்த இடத்தில்தான் பயிர் வைத்தார்கள்.

1894–95 உறைபனியை ஒரே இரவுச் சம்பவமாக எழுதுவது எனக்கு மிகவும் எரிச்சலூட்டும் தவறு. அடி இரண்டு முறை விழுந்தது. டிசம்பர் இறுதியில் வந்த முதல் குளிர் பழங்களைக் கெடுத்து இலைகளை உதிர்த்தது, மரங்கள் சாகவில்லை. பிறகு இதமான ஜனவரி. மரங்கள் துளிர்விட்டன, பட்டைக்கடியில் சாறு ஏறியது. பிப்ரவரி 7, 8 தேதிகளில் அடுத்த குளிர் வந்தபோது அந்தச் சாறே உறைந்து பட்டையைப் பிளந்தது. பிசின் ஊறிய பைன் கட்டைகளை வரிசைகளுக்கு நடுவே எரித்தும் பெரும்பாலான தோப்புகள் தப்பவில்லை. 50 லட்சம் பெட்டிகளைத் தொட்டிருந்த விளைச்சல் அடுத்த பருவத்தில் இரண்டு லட்சத்தையும் எட்டவில்லை. அடிமரத்தைச் சுற்றி மண் அணைத்திருந்தால், ஒட்டுக்கு மேலே கொஞ்சம் உயிர் மிஞ்சும். இல்லாவிட்டால் வேரிலிருந்து துளிர்ப்பது பழைய புளிப்பு ஆரஞ்சுதான். பலர் தெற்கே நகர்ந்தார்கள். சிலர் ஊரைவிட்டே போனார்கள்.

வீட்டைப் பற்றி ஒன்றே ஒன்று. பச்சைப் புல்வெளி வரையாதீர்கள். பாம்பும் தீயும் அண்டாமலிருக்க, நம் கிராமத்து வாசலைப் போல் புல் பூண்டின்றிப் பெருக்கிய வெறும் மண் முற்றம் அது. சமையல்கட்டு பெரும்பாலும் தனிக்கட்டடம்.

கடைசியாக, மாட்டின் உருவம். 1880களின் மாடு சிறியது. ஸ்பானிய வழி வந்தது. வெயிலையும் உண்ணியையும் தாங்கியது. இன்று ஃபுளோரிடா மேய்ச்சல் நிலங்களில் தெரியும் திமில் மாடு பிராமன் இனம். ஓங்கோல், கிர் போன்ற இந்திய மாடுகளின் வழியில் அமெரிக்காவில் உருவான அந்த இனம் ஃபுளோரிடாவில் பரவலானது 20ஆம் நூற்றாண்டில்தான். 1880ஐக் காட்டும் ஓவியத்தில் ஒரு திமில் தெரிந்தாலே, ஓவியர் எந்தக் காலத்து மந்தையைப் பார்த்து வரைந்தார் என்பது விளங்கிவிடும்.