மட்டக்களப்பில் சொல்லாமல் கொள்ளாமல் மோதிரம் நீட்டுவது எப்படி?

கேட்கப்போகும் நாளும் இடமும்தான் இரகசியம். கலியாணம் என்ற பேச்சே உங்கள் காதலிக்குப் புதிதாக இருந்தால் அதற்குப் பெயர் இன்ப அதிர்ச்சி இல்லை, வெறும் அதிர்ச்சி. எதிர்பாராமல் மோதிரம் நீட்டிச் சங்கடத்தில் முடிந்த கதைகளைக் கிளறிப் பார்த்தால், பெரும்பாலும் அந்தப் பேச்சு அதற்கு முன் ஒழுங்காக நடந்தே இருக்காது. ஆகவே முதற்படி மோதிரக் கடையில் இல்லை.

படி 1: கேள்விக்கு முந்திய கேள்விகள்

கலியாணத்துக்குப் பிறகு எங்கே இருப்பது, வெளிநாட்டு வேலை உண்டா, எந்தச் சமய முறையில் கட்டுவது, பிள்ளைகள் பற்றி என்ன நினைப்பு. இவற்றைச் சாதாரணமாக, பல நாட்களில், துண்டு துண்டாகப் பேசி முடித்திருக்க வேண்டும். நம் பக்கத்தில் பெண்ணுக்கு வீடு கொடுப்பதும் மாப்பிள்ளை அங்கே போய் இருப்பதும் வழக்கம். அது இருவருக்கும் சம்மதமா என்பதை மோதிரத்துக்குப் பிறகு பேசினால் சண்டையாகிவிடும்.

குடியையும், அதாவது குலப்பிரிவையும், கேட்டு வையுங்கள். இங்கே குடி தாய்வழி வருவது. தாய் எந்தக் குடியோ பிள்ளைகளும் அதுதான். ஒரே குடி என்றால் சகோதர முறை என்று பெரியவர்கள் மறுத்துவிடுவார்கள். உங்களுக்கு அது பொருட்டில்லை என்றாலும் அம்மம்மா முதலில் கேட்கப்போவது அதைத்தான். பதில் கையில் இருக்கட்டும்.

பிறகு இரகசியத்துக்கு ஆள் சேருங்கள். அவர் பக்கம் ஒருவர், உங்கள் பக்கம் ஒருவர், அவ்வளவுதான். அவருடைய தங்கச்சியோ நெருங்கிய சிநேகிதியோ போதும். மூன்றாவது ஆளுக்குத் தெரிந்தால் ஆரையம்பதியில் சொன்னது பொழுது சாய முதல் ஏறாவூருக்குப் போய்விடும்.

ஆணும் பெண்ணும் தனியே சந்திப்பதை வீடு விரும்பாத குடும்பம் என்றால் கடற்கரைத் திட்டத்தை விட்டுவிடுங்கள். இரு வீட்டாரையும் முன்கூட்டியே சேர்த்துக்கொண்டு, அவருக்கு மட்டும் தெரியாமல், அவர் வீட்டு விறாந்தையிலேயே கேட்கலாம். மோதிரம், பேச்சு, படம் பற்றிய படிகள் அதற்கும் பொருந்தும்.

படி 2: மோதிரம்

அளவு தெரியாமல் வாங்காதீர்கள். அவர் மோதிர விரலில் போடும் பழைய மோதிரம் ஒன்றைத் தங்கச்சி மூலம் ஒரு மணி நேரத்துக்கு எடுப்பிக்கலாம். உள்விட்டத்தை மில்லிமீற்றர் அடிமட்டத்தால் அளந்து, கூடவே வெள்ளைத் தாளில் வைத்து உள்வட்டத்தைக் கூர்ப்பென்சிலால் கீறிக்கொள்ளுங்கள். உள்விட்டம் 16.5 மில்லிமீற்றர் என்றால் சுற்றளவு ஏறக்குறைய 52 மில்லிமீற்றர். விட்டத்தில் அரை மில்லிமீற்றர் தவறினாலே விரல் மூட்டில் நின்றுவிடும். அதனால் பழைய மோதிரத்தையே கடைக்குக் கொண்டுபோவது இன்னும் நல்லது. நூல் சுற்றி அளக்கும் முறையை நம்ப வேண்டாம், நூல் இழுபடும். வெயிலில் விரல் சற்று வீங்கும் என்பதால் இரண்டு அளவுக்கு நடுவே தடுமாறினால் பெரியதை எடுங்கள். பெரிய மோதிரத்தைச் சுருக்கலாம், அன்றைக்கு விரலில் ஏறாத மோதிரத்தை ஒன்றும் செய்ய முடியாது.

வடிவத்திலும் கவனம் தேவை. சுற்றிவரக் கல் பதித்த வளையத்தைப் பிறகு பெருப்பிக்கவோ சுருக்கவோ கஷ்டம். கல் மேற்பக்கம் மட்டும் இருந்தால் அடியில் வெட்டி ஒட்டலாம். 22 கரட் தங்கம் மென்மையானது. கல்லைப் பிடிக்கும் நகங்கள் நாளடைவில் வளையும் என்பதால் கல் மோதிரத்துக்கு 18 கரட் உறுதி. எடையைப் பற்றி வெட்கப்படத் தேவையில்லை. தாலிக்கொடிக்குப் பவுன் கணக்கில் தங்கம் போகப்போகிறது. இந்த மோதிரம் கால் பவுனில், அதாவது 2 கிராமில், இருந்தாலும் யாரும் தராசு கொண்டுவரப் போவதில்லை. பற்றுச்சீட்டில் கிராம், கரட், கூலி மூன்றும் தனித்தனியே எழுதியிருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள்.

படி 3: இடமும் நேரமும்

புதியவர்கள் அதிகம் சறுக்கும் இடம் இது. இணையத்தில் பார்த்த படத்தைப்போல் ‘கடலில் சூரியன் மறையும்போது’ என்று திட்டம் போடுவார்கள். நாம் இருப்பது கிழக்கில். கடலில் சூரியன் உதிக்கும், மறைவது வாவிப்பக்கம் (வாவி என்பது மட்டக்களப்புக் கடலேரி). ஆகவே அந்திப்பொழுது வேண்டுமென்றால் முகம் வாவிக்கு. கடல்தான் வேண்டுமென்றால் விடிய எழும்ப வேண்டும்.

சூரியன் மறையும் நேரம் நவம்பரில் ஏறக்குறைய 5.40, ஜூலையில் 6.25. உதயம் ஆண்டு முழுக்க ஏறக்குறைய 5.45க்கும் 6.25க்கும் இடையில். நம் பக்கம் பொழுது பட்டால் சீக்கிரம் இருண்டுவிடும். மறைந்த பின் படத்துக்கு நல்ல வெளிச்சம் ஒரு 15 நிமிடம்தான். மறைவதற்கு 20 நிமிடம் முன்பே இடத்தில் நிற்க வேண்டும்.

கல்லடிக்கு ஒரு தனிச் சிறப்பு உண்டு: ஒரு பக்கம் கடல், மறுபக்கம் வாவி. முழுநிலவன்று சூரியன் வாவியில் இறங்கும் நேரத்தையொட்டி நிலவு கடலில் எழும். ஆனால் அன்று போயா, அதாவது பௌர்ணமி விடுமுறை, கடற்கரையில் சனம் நிறைந்திருக்கும், தனியாக நிற்க ஒரு முழம் கிடைக்காது. அதனால் போயாவுக்கு மறுநாளைப் பாருங்கள். அன்றைக்கு நிலவு சூரியன் மறைந்து 40 முதல் 60 நிமிடத்துக்குள், வானம் நன்றாக இருண்ட பிறகு எழும்பும். வாவிக்கரையில் அந்தியைப் பார்த்துவிட்டு, ஒரு பிளேன்ரீ குடித்து, மெதுவாகக் கடற்கரைக்கு நடந்தால் நேரம் சரியாக இருக்கும். நிலவு எழும் நேரத்தைப் போனில் அந்தத் திகதிக்குப் பார்த்துக்கொள்ளுங்கள், முகில் மறைத்தால் என்ன செய்வது என்பதையும் யோசித்து வையுங்கள். இருட்டிய பின் இருவர் தனியே கடற்கரையில் இருந்தால் யாராவது வந்து விசாரிப்பார்கள். கூட்டாளிகளைக் கூப்பிடு தூரத்தில் நிறுத்துங்கள்.

வேறு இடங்கள்: பாலமீன்மடுவில் 1913இல் கட்டிய வெளிச்சவீட்டுப் பக்கம், காலையில் அமைதி. பாசிக்குடாவில் கடல் ஆழமில்லாமல் நெடுந்தூரம் போகும். அதிகாலையில் முழங்கால் தண்ணீரில் நின்றே கேட்கலாம், ஆனால் மோதிரம் விழுந்தால் அரோகரா. அம்பாறைப் பக்கம் என்றால் திருக்கோவில் கடற்கரை அமைதியானது. கோயில் அருகே என்பதால் ஆரவாரம் இல்லாமல் செய்யுங்கள். அறுகம்பைப் பக்கத்து யானைப்பாறை படங்களில் நன்றாக இருக்கும். அலைச்சறுக்குக் காலத்தில் அந்தி நேரம் கூட்டம், இருட்டினால் நிசமான யானைப் பயம்.

நவம்பர் முதல் ஜனவரி வரை வாடைமழை, திறந்த வெளியைத் தவிருங்கள். ஒக்டோபரிலும் ஏப்ரலிலும் பின்னேரம் இடிமின்னல் வரும். அந்த மாதங்களில் விடியற்காலை நல்லது. அமிர்தகழி மாமாங்கத் தீர்த்தம், உங்கள் ஊர்க் கண்ணகி அம்மன் சடங்கு நாட்களில் பாதையும் சனமும் உங்கள் கையில் இல்லை. அவரை வீட்டிலிருந்து எடுப்பதே பெரும்பாடு.

படி 4: தோணியில் கேட்பதானால்

ஏப்ரல் முதல் செப்டம்பர் வரையான நிலவு இரவுகளில் கல்லடிப் பாலத்தடியில் பாடுமீன் ஓசை கேட்கும் என்பார்கள். 1924இல் கட்டிய பழைய பாலத்தருகே தோணியை நிறுத்தி, இயந்திரத்தை அணைத்து, துடுப்பின் ஒரு நுனியைத் தண்ணீரில் வைத்து மறுநுனியில் காதை வைக்க வேண்டும். கேட்டாலும் கேட்காவிட்டாலும் ‘பாடுமீன் கேட்கப் போவோம்’ என்பது அவரைச் சந்தேகமில்லாமல் அழைத்துப்போக அருமையான சாட்டு. அவர் கண்ணை மூடிக் காதைத் துடுப்பில் வைத்திருக்கும்போது பெட்டியைத் திறந்துகொள்ளலாம்.

தோணிக்காரரைப் பகலிலேயே நேரில் போய்ப் பேசுங்கள். எத்தனை மணி, எவ்வளவு நேரம், எங்கே நிறுத்துவது, உயிர்காப்புச் சட்டை இருக்கிறதா. விசயத்தை அவரிடம் மறைக்க வேண்டாம், இல்லாவிட்டால் முக்கியமான நேரத்தில் இயந்திரத்தைக் கிளப்பிவிடுவார். எழும்பி நிற்கக்கூடாது, முழந்தாளிடவும் கூடாது. எதிரெதிரே இருந்தபடி கேளுங்கள். மோதிரத்தில் அரை மீற்றர் தங்கூசியை (நைலோன் தூண்டில் நூல்) கட்டி மறுமுனையை உங்கள் மணிக்கட்டில் கட்டுங்கள். மெல்லிய தங்கூசி நிலவொளியில் தெரியாது. அவர் விரலில் மோதிரம் மூட்டைத் தாண்டிய பிறகு அறுக்கலாம். நகம்வெட்டி ஒன்று சட்டைப்பையில் இருக்கட்டும்.

படி 5: அலங்காரம்

குறைவாகச் செய்யுங்கள். ஜூன் முதல் ஆகஸ்ட் வரை கச்சான் என்னும் தென்மேற்குக் காற்று தரையிலிருந்து கடலை நோக்கி அடிக்கும். வெறும் மெழுகுதிரி ஒரு நிமிடம் தாங்காது. 12 வெற்று ஜாம் போத்தல், ஒவ்வொன்றிலும் மூன்று விரல் மணல், அதில் திரியை ஊன்றினால் போத்தலின் வாய்க்குக் கீழே சுடர் நிற்கும். கரையில் இழுத்து வைத்த தோணியின் கடற்பக்கம் அடுக்கினால் தோணியே காற்றை மறைக்கும். தோணிக்கு உரியவரிடம் கேளுங்கள், செருப்போடு அதில் ஏறாதீர்கள். பலூன் வேண்டாம். பூவிதழ் போடுவதானால் நடுவில் ஒரு கை அளவு போதும், மிச்சம் காற்றோடு போய்விடும்.

படி 6: படம் எடுப்பவர்

ஒரே ஒருவர், 8 முதல் 10 மீற்றர் தூரத்தில், பக்கவாட்டில். உங்கள் முதுகுக்குப் பின்னால் நின்றால் உங்கள் முதுகுதான் வரும். தேவை அவருடைய முகம். போனில் இடம் காலி செய்து, விமான நிலைக்கு மாற்றி வையுங்கள். இடையில் மாமியின் அழைப்பு வந்தால் பதிவு நின்றுவிடும். நீங்கள் தொப்பியைக் கழற்றுவது போன்ற ஓர் அடையாளத்துக்குப் பதிவைத் தொடங்கட்டும். சூரியன் இருவருக்கும் பின்னால் இருந்தால் நிழலுருதான் வரும். முகம் வேண்டுமென்றால் திரையில் முகத்தைத் தொட்டு வெளிச்சத்தைக் கூட்டச் சொல்லுங்கள். நேரலை கூடவே கூடாது.

படி 7: கேட்பது

நான்கைந்து வசனம் போதும். அவரிடம் உங்களுக்குப் பிடித்த ஒரு குறிப்பான விசயம், இருவருமாகக் கடந்த ஒரு கஷ்டம், பிறகு நேரான கேள்வி: “நாம கலியாணம் முடிப்பமா?” கேள்வியைக் கேட்காமலே மோதிரத்தை நீட்டிவிட்டு அழத் தொடங்குபவர்கள் நிறைய. கேளுங்கள், கேட்டபின் வாயை மூடுங்கள். அவர் பேசாமல் நிற்கும் அந்தப் பத்து விநாடியில் பதறி விளக்கம் சொல்லத் தொடங்குவதுதான் பெரிய பிழை. பெட்டியை வீட்டிலேயே ஒற்றைக் கையால் திறந்து பழகுங்கள், சிலவற்றின் மூடி வில் முரடு.

“யோசிக்கணும்” என்று வந்தால் “சரி, ஆறுதலா சொல்லுங்க” என்று பெட்டியை மூடிவிட்டு வழமையான பேச்சுக்கு வாருங்கள். படம் எடுப்பவர் அப்போது போனைப் பையில் போட வேண்டும். இதை அவருக்கு முன்பே சொல்லியிருக்க வேண்டும். காதலி தனியே வீடு போக விரும்பினால் தெரிந்த ஓட்டோக்காரர் ஒருவர் அருகில் நிற்கட்டும்.

படி 8: “ஓம்” வந்த பிறகு

முகநூலில் படம் ஏற முதல் அவருடைய அம்மா அப்பாவுக்கு அழையுங்கள், பிறகு உங்கள் வீட்டுக்கு, அதன்பின் இரு பக்கத்துத் தாய்மாமன்மாருக்கு. அன்றிரவே. மீன் வாங்கப் போன இடத்தில் யாரோ சொல்லிப் பெரியம்மா அறிந்தால் அந்த மனத்தாங்கல் எழுத்து (கலியாணப் பதிவு) நாள்வரை போகும். வீட்டார் முறையாக வந்து பேசும் திகதியையும் அந்த அழைப்பிலேயே கேட்டுவிடலாம். திரும்பும் முன் போத்தல்களை எண்ணிப் பாருங்கள், 12ம் வந்திருக்க வேண்டும். மணலில் புதைந்த கண்ணாடி கரைவலை இழுப்பவரின் காலைத்தான் வெட்டும்.