நம்ம பக்கம் வறட்சின்னு அறிவிப்பாங்களா? நீங்களே கணக்கு பார்க்கிறது எப்படி

மழை வரலன்னா வறட்சின்னு நாம சொல்லிடுவோம், ஆனா அரசாங்கம் அப்படி சொல்லாது, அதுக்குன்னு ஒரு வரிசை இருக்கு, அதை தெரிஞ்சு வெச்சுக்கிட்டா தாலுகா ஆபீஸ்ல யாராவது சொல்ற வரைக்கும் கைய கட்டிட்டு உக்காந்திருக்க வேண்டியதில்ல. ஊர்ல நிலத்த வெச்சுட்டு வெளியூர்ல வேலை பார்க்கிறவங்களுக்கும் சேர்த்துதான் எழுதுறேன், ஏன்னா கடைசி நேரத்துல பேப்பர் இல்லாம அலையிறது பெரும்பாலும் அவங்க வீட்டு பெரியவங்கதான்.

மொதல்ல மழை கணக்கு. வானிலை ஆய்வு மையம் மாவட்ட வாரியா, வழக்கமான மழைய விட எத்தனை சதவீதம் கூட, எத்தனை சதவீதம் குறைவுன்னு போடுவாங்க. மைனஸ் 19 வரைக்கும் இயல்பு, மைனஸ் 20ல இருந்து 59 வரைக்கும் குறைவு, 60ஐ தொட்டுட்டா மிகக் குறைவு. தமிழ்நாட்டுக்கு வடகிழக்கு பருவமழை சராசரியா 44 செ.மீ. பெய்யணும், 2016ல பெஞ்சது சுமார் 17 செ.மீ.தான், 62 சதவீதம் குறைவு, அடுத்த ஜனவரி 10ஆம் தேதி அப்ப இருந்த 32 மாவட்டத்தையும் வறட்சி பாதிச்ச மாவட்டம்னு அறிவிச்சாங்க.

ஆனா மொத்த மழைய மட்டும் பார்த்து ஏமாந்துடாதீங்க. ஒரு புயல் வந்து ரெண்டே நாள்ல மொத்தத்தையும் கொட்டிட்டு போனாலும் கணக்குல இயல்புன்னுதான் வரும், பயிரு மாத்திரம் காஞ்சு நிக்கும். அதனாலதான் தொடர்ச்சியா 3, 4 வாரம் ஒவ்வொரு வாரமும் வழக்கத்துல பாதிக்கும் கீழ பெஞ்சிருக்கான்னு தனியா பார்க்கிறாங்க. இத நீங்களும் எழுதி வைங்க. அடியில இருந்து வாய் வரைக்கும் ஒரே அகலமா நேரா இருக்கிற ஒரு டப்பா போதும், மரமோ சுவரோ மறைக்காத எடத்துல ஆடாம நட்டு வெச்சு, தினமும் காலைல 8.30க்கு ஸ்கேல விட்டு எத்தனை மில்லிமீட்டர் நிக்குதுன்னு பார்த்து நோட்டுல தேதியோட குறிச்சுட்டு தண்ணிய கொட்டிடுங்க. அரசாங்க மழைமானிய வாசிக்கிறதும் அதே 8.30க்குத்தான், 2.5 மில்லிமீட்டரும் அதுக்கு மேலயும் இருந்தாத்தான் அது மழை நாள். அரசாங்க மழைமானி உங்க வயலுக்கு ரொம்ப தள்ளி இருக்கலாம், அங்க பெஞ்சு இங்க பெய்யாம போறது நமக்கு தெரியாததா, மனு எழுதும்போது அந்த நோட்டு கையில இருந்தா பேச்சே வேற.

மழை குறைஞ்சாலும் அதோட முடியாது. மத்திய அரசோட 2016 வறட்சி மேலாண்மை கையேடு இருக்கே, அதுபடி அடுத்து விளைவுகளைப் பார்ப்பாங்க: எவ்வளவு பரப்புல விதைச்சிருக்காங்க, சாட்டிலைட் படத்துல பச்சை எப்படி இருக்கு, மண்ணுல ஈரம் எவ்வளவு, அணையிலயும் கெணத்துலயும் தண்ணி எவ்வளவு. சாட்டிலைட் விஷயத்துல எனக்கு ஒரு கவலை உண்டு, தரிசுல சீமக்கருவேலம் கோடைலயும் பச்சையாத்தான் நிக்கும், மேல இருந்து பார்க்கிறப்ப பச்சை பச்சைதானே, அதனால அடுத்து வர்ற நேரடி ஆய்வுதான் இதுல முக்கியம்னு நான் நினைக்கிறேன்.

அந்த ஆய்வுக்கு பாதிச்ச தாலுகாவுல 10 சதவீத கிராமங்கள குலுக்கல் மாதிரி எடுப்பாங்க. பயிர் சேதம் 33 சதவீதத்துக்கு மேல இருந்தா மிதமான வறட்சி, 50க்கு மேல போனா கடுமையான வறட்சி, கடுமைன்னு வந்தாத்தான் மாநிலம் தேசிய பேரிடர் நிதி கேட்டு டெல்லிக்கு போக முடியும், இல்லன்னா மாநில நிதியிலயே சமாளிக்கணும். உங்க கிராமம் அந்த 10 சதவீதத்துல வந்தா வயல்ல ஆள் இருக்கிற மாதிரி பார்த்துக்கோங்க. கதிர உருவி உள்ளங்கையில வெச்சு கசக்கி ஊதிப் பார்த்தா பால் பிடிக்காத பதரு எல்லாம் பறந்துடும், கையில நாலு மணிதான் நிக்கும், வர்ற அதிகாரிகிட்ட அத அப்படியே செஞ்சு காட்டுங்க, வாய் வார்த்தைய விட அது நல்லா புரியும்.

தேதி விஷயம்: ஜூன் வாக்குல தொடங்குற காரிப் பருவத்துக்கு அக்டோபர் 30, அக்டோபர் வாக்குல தொடங்குற ராபிக்கு மார்ச் 31க்குள்ள அறிவிக்கணும்னு கையேடு சொல்லுது. நமக்கு பெரிய மழையே அக்டோபர்லதான் ஆரம்பிக்குது, அதனால சம்பா போட்டவங்க அக்டோபர்ல அறிவிப்பு வரலையேன்னு பதறாதீங்க, டிசம்பர் முடிஞ்சுதான் படம் தெளிவாகும்.

இப்ப நம்ம கையில இருக்கிற வேலை. விதைச்சதுமே விஏஓகிட்ட போய் அடங்கல்ல, அதாவது யார் நிலத்துல என்ன பயிருன்னு எழுதுற கிராமப் பதிவேட்டுல, இந்த வருஷ பயிர் ஏறிடுச்சான்னு பாருங்க, சர்வே நம்பர், பரப்பு, பயிர் பேரு மூணும் சரியா இருக்கணும். போன வருஷ பயிரே அப்படியே இருந்துச்சுன்னா நெல்லு கருகினாலும் கணக்குல அது நெல்லே இல்ல. குத்தகைக்கு ஓட்டுறவங்க இன்னும் கவனமா இருக்கணும், பட்டா வேற பேர்ல இருக்கிறதால பணம் யாருக்குங்கிற சண்டை அங்கதான் வரும், அறுவடைக்கு முன்னாடியே நிலத்துக்காரர்கிட்ட பேசி எழுதி வாங்கிடுங்க.

நிவாரணப் பணம் எவ்வளவு? 2022-26க்கான மத்திய அரசோட நிவாரண விதிப்படி மானாவாரிக்கு ஹெக்டேருக்கு 8,500, பாசனப் பயிருக்கு 17,000, அதிகபட்சம் 2 ஹெக்டேர், பயிர் 33 சதவீதமாவது போயிருக்கணும். 2017ல நெல்லுக்கு ஏக்கருக்கு 5,465 ரூபாய்னு ஒரு விநோதமான தொகை வந்துச்சே, அது அப்ப ஹெக்டேருக்கு இருந்த 13,500ஐ ஏக்கராக்கினதுதான்.

பயிர் காப்பீடு இதோட சேராது, அது தனி. ராபி உணவுப் பயிருக்கு விவசாயி பங்கு காப்பீட்டுத் தொகையில 1.5 சதவீதம்தான், கடைசி தேதிய நம்பி இருக்காம விதைச்ச வாரமே இசேவை மையத்துலயோ சொசைட்டியிலயோ கட்டிடுங்க. மழை இல்லாம அறிவிச்ச பகுதியில பெரும்பாலான பரப்புல விதைக்கவே முடியலன்னா அதுக்கும் ஒரு பங்கு கொடுக்கிற வழி அந்தத் திட்டத்துல இருக்கு, ஆனா அது பகுதிக்கே மொத்தமா அறிவிக்கிறது, தனி ஆள் கேட்டு வாங்க முடியாது.

அறிவிப்பு வந்து நிவாரணப் பட்டியல்ல உங்க பேர் இல்லன்னா விஏஓவோட வாய்ச்சொல்ல நம்பி திரும்பி வராதீங்க. அடங்கல் நகல், பட்டா, பேங்க் பாஸ்புக், தேதி தெரியிற வயல் போட்டோ, அந்த மழை நோட்டு எல்லாத்தையும் ஜெராக்ஸ் போட்டு திங்கட்கிழமை கலெக்டர் ஆபீஸ் குறைதீர்ப்பு நாள்ல மனுவா கொடுங்க, மனு ரசீது வாங்காம அந்த எடத்த விட்டு நகராதீங்க, அடுத்த தடவ போறப்ப அந்த நம்பரத்தான் கேப்பாங்க.