பயாஸ் அப்டேட் பாதியில் நின்ற மதர்போர்டை மீட்பது எப்படி?

மழைக்காலம் வந்தால் இந்த வேலையும் கூடவே வரும். பயாஸ் (கம்ப்யூட்டரை ஆன் செய்ததும் முதலில் ஓடும் புரோகிராம்) அப்டேட் ஓடிக்கொண்டிருக்கும்போது தண்டையார்பேட்டை பக்கம் கரண்ட் போகும், அவ்வளவுதான். மறுபடி ஆன் செய்தால் ஃபேன் சுற்றும், திரையில் ஒன்றும் வராது, கீபோர்டில் நம்லாக் விளக்குகூட எரியாது.

புது பயாஸை எழுதும் முன், மதர்போர்டில் அதற்கென்று இருக்கும் சிப்பில் உள்ள பழையதை அழித்தாக வேண்டும். அழித்து எழுதி முடிப்பதற்குள் மின்சாரம் போனால் பாதி புதுசு, பாதி காலி. பிராசசர் தன் முதல் கட்டளையைத் தேடி வருவது அந்தச் சிப்புக்குத்தான். அங்கே குப்பை இருந்தால் அப்படியே நின்றுவிடும். சிப் பெரும்பாலும் நன்றாகவே இருக்கும், அதில் எழுதியிருந்ததுதான் போயிருக்கிறது. அதனால் போர்டை எடைக்குப் போட அவசரப்படாதீர்கள். ரேமைக் கழற்றி மாட்டுவது, சிமாஸ் பேட்டரியை (போர்டில் இருக்கும் வட்டமான சின்ன பேட்டரி) எடுத்துப் போடுவது எல்லாம் பார்த்துவிட்டுத்தான் இங்கே வந்திருப்பீர்கள் என்று வைத்துக்கொள்கிறேன்.

முதலில் செலவில்லாத வழி

போர்டின் பின்பக்கம் யுஎஸ்பி போர்ட்டுகளுக்கு அருகே ஃப்ளாஷ்பேக் என்றோ, கியூ-ஃப்ளாஷ் பிளஸ் என்றோ ஒரு சின்ன பட்டன் இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் பாதிக் கவலை விட்டது. இதற்குப் பிராசசர், ரேம் எதுவும் வேண்டாம், பவர் சப்ளை இருந்தால் போதும். பென்டிரைவை ஃபேட்32-ஆக ஃபார்மேட் செய்து, பயாஸ் ஃபைலை மேனுவலில் சொன்ன அதே பெயருக்கு மாற்றி, அதற்கென்று குறித்திருக்கும் யுஎஸ்பி போர்ட்டில் செருகி பட்டனை அழுத்துங்கள். விளக்கு சிமிட்டினால் எழுதுகிறது. சில விநாடி சிமிட்டிவிட்டு அணையாமல் நின்றால் ஃபைல் பெயரோ பென்டிரைவோ பிடிக்கவில்லை என்று அர்த்தம். பழைய, குறைந்த கொள்ளளவு பென்டிரைவ் இதற்கு நன்றாக ஒத்துழைக்கும். 128 ஜிபி வேண்டாம்.

பட்டன் இல்லையா? சரி, சிப்பில் நேரடியாக எழுதும் கருவியான புரோகிராமரை எடுங்கள்.

வாங்க வேண்டியவை

சிஎச்341ஏ யுஎஸ்பி புரோகிராமர், எட்டுக் கால் சிப்பைக் கவ்வும் கிளிப், 1.8 வோல்ட் அடாப்டர். மூன்றும் சேர்ந்தே சில நூறு ரூபாய்தான். வண்ணாரப்பேட்டையில் மெட்ரோ ஏறி அரசினர் தோட்டத்தில் இறங்கினால் எலக்ட்ரானிக்ஸ் கடைகள் நிறைந்த ரிச்சி தெரு நடக்கும் தூரம். கறுப்பு நிறத்தில் மலிவாகக் கிடைக்கும் சிஎச்341ஏ எனக்குப் பிடிக்காது. சிப்புக்கு 3.3 வோல்ட் கொடுத்தாலும் டேட்டா கால்களில் 5 வோல்ட்டை அனுப்பும். பல சிப்கள் தாங்கிக்கொள்கின்றன என்பது வேறு விஷயம். வோல்டேஜ் தேர்ந்தெடுக்கும் சுவிட்ச் உள்ள வகை கிடைத்தால் அதையே வாங்குங்கள்.

சிப்பைப் படியுங்கள்

பவர் சப்ளை வயர்கள் எல்லாவற்றையும் பிடுங்கி, சிமாஸ் பேட்டரியை எடுத்துவிட்டு, பவர் பட்டனைக் கொஞ்ச நேரம் அழுத்திப் பிடியுங்கள். மிச்ச மின்சாரம் வடிந்துவிடும். பயாஸ் சிப் எட்டுக் காலோடு, மேலே 25 என்று தொடங்கும் எண்ணோடு இருக்கும். செல்போன் கேமராவில் பெரிதாக்கி முழு எண்ணையும் குறித்துக்கொள்ளுங்கள். வின்பாண்ட் கம்பெனி சிப்பில் 25க்யூ128 என்பதற்குப் பின்னால் எஃப்வி வந்தால் 3.3 வோல்ட், எஃப்டபிள்யூ வந்தால் 1.8. மேக்ரானிக்ஸில் 25எல் என்றால் 3.3, 25யூ என்றால் 1.8. ஏஎம்டி பிராசசருக்கான ஏஎம்4 போர்டுகள் பலவற்றில் 1.8 வோல்ட் சிப்தான். அதற்கு அடாப்டர் இல்லாமல் கிளிப்பை மாட்டவே மாட்டாதீர்கள்.

கிளிப்பின் சிவப்பு வயர், சிப்பில் புள்ளி வைத்திருக்கும் முதல் காலுக்கு வர வேண்டும். விண்டோஸில் நான் நியோபுரோகிராமர் என்ற சாஃப்ட்வேரைப் பயன்படுத்துகிறேன், லினக்ஸ்காரர்களுக்கு ஃப்ளாஷ்ராம் இருக்கவே இருக்கிறது. டிடெக்ட் கொடுத்ததும் சிப்பின் அடையாள எண் வரும். 3.3 வோல்ட் 25க்யூ128 என்றால் ஈஎஃப் 40 18. வெறும் எஃப்எஃப் எஃப்எஃப் எஃப்எஃப், அல்லது எல்லாம் சைபர் என்று வந்தால் கிளிப் சரியாகக் கவ்வவில்லை.

நான் அதிகம் மல்லுக்கட்டிய இடம் இதற்கு அடுத்தது. காசிமேட்டில் ஐஸ் கணக்கு பார்க்கும் ஒரு கம்ப்யூட்டர். அடையாள எண் ஒழுங்காக வந்தது. ரீட் செய்து, சிப்பில் இருந்ததை அப்படியே ஒரு ஃபைலாக (இதைத்தான் டம்ப் என்பார்கள்) சேமித்தேன். மறுபடி ரீட் செய்து இரண்டு ஃபைலையும் ஒப்பிட்டால் ஒன்றுக்கொன்று பொருந்தவில்லை. மறுபடி எடுத்தால் அதுவும் வேறு மாதிரி. அடையாள எண் மூன்றே பைட், அது தப்பித் தவறிக்கூட சரியாக வந்துவிடும். 16 எம்பி முழுவதும் சரியாக வருவதற்குத்தான் நல்ல பிடி வேண்டும். கடல்காற்றில் சிப்பின் கால்களில் மெல்லிய படலம் படிந்திருந்தது, கண்ணுக்கு லேசாகத்தான் தெரிந்தது. பழைய டூத் பிரஷ்ஷை ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலில் நனைத்துத் தேய்த்துக் காயவிட்டேன். கிளிப்பின் நீளமான பட்டை வயரை ஒரு சாண் அளவுக்கு வெட்டிச் சுருக்கினேன். புரோகிராமரை கேபினெட்டின் முன்பக்க யுஎஸ்பியிலிருந்து பின்பக்கத்துக்கு மாற்றினேன். அதன் பிறகுதான் அடுத்தடுத்து எடுத்த டம்ப்கள் ஒன்றாக வந்தன. ராயபுரம், திருவொற்றியூர்க்காரர்கள் முதலிலேயே தேய்த்துவிடுவது நல்லது.

இரண்டு டம்ப் பொருந்தாத வரை எரேஸ் பக்கம் கையே போகக்கூடாது. படிக்கத் தடுமாறும் கிளிப், எழுதும்போதும் தடுமாறும். இன்னொன்று, அந்தக் கெட்டுப்போன டம்ப்பையும் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள். போர்டின் சீரியல் எண், இன்டெல் லேன் இருந்தால் மேக் முகவரி, லேப்டாப்பில் விண்டோஸ் கீ எல்லாம் அதில்தான் இருக்கும்.

எழுதுவது

கம்பெனி தளத்திலிருந்து இறக்கிய ஃபைலின் அளவைப் பாருங்கள். 16 எம்பி சிப்புக்குச் சரியாக 16,777,216 பைட் இருக்க வேண்டும். ஆசுஸின் கேப் ஃபைல் 16,779,264 என்று காட்டினால், முன்னால் 2048 பைட் தலைப்பு ஒட்டியிருக்கிறது. யூஇஎஃப்ஐடூல் என்ற சாஃப்ட்வேரில் திறந்து உள்ளிருப்பதை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். அப்படியே எழுதினால் எல்லாம் 2048 பைட் தள்ளி உட்கார்ந்து, போர்டு முன்போலவே முழிக்கும். ஃபைல் சிப்பைவிடச் சிறியதாக இருந்தால், லேப்டாப்பில் இது சகஜம், அது பயாஸ் பகுதி மட்டும். பழைய டம்ப்பில் அந்தப் பகுதியை மட்டும் மாற்றி ஒட்ட வேண்டும்.

அப்புறம் எரேஸ் (அழிப்பது), பிளாங்க் செக் (காலியா என்று பார்ப்பது), ரைட் (எழுதுவது), வெரிஃபை (எழுதியதை ஃபைலோடு ஒப்பிடுவது). வெரிஃபை தேறினால் கிளிப்பைக் கழற்றி, பேட்டரியைப் போட்டு ஆன் செய்யுங்கள். முதல் முறை ரேமைப் பழகிக்கொள்ளச் சில நிமிடம் ஆகலாம், நடுவில் தானாக அணைந்து எரியவும் செய்யும். பட்டனில் கை வைக்காதீர்கள்.

பின்சேர்க்கை: வியாசர்பாடியிலிருந்து ஒருவர், "அண்ணா, எவ்வளவு தேய்த்தாலும் சிப்பையே கண்டுபிடிக்கவில்லை" என்று எழுதியிருந்தார். சில போர்டுகளில் கிளிப் கொடுக்கும் மின்சாரத்தை, போர்டின் பெரிய கட்டுப்பாட்டுச் சிப்பான சிப்செட்டும் சேர்த்து உறிஞ்சும், சிப்புக்குப் போதாது. அங்கே சிப்பைக் கழற்றித்தான் எழுத வேண்டும். ஹாட் ஏர் (சூடான காற்றால் ஈயப்பற்றை உருக்கும் கருவி) பழக்கமில்லை என்றால் பக்கத்து மொபைல் சர்வீஸ் கடையில் கொடுங்கள், அவர்களுக்கு இது தினசரி வேலை. முதல் கால் எந்தப் பக்கம் என்று கழற்றுவதற்கு முன்பே போட்டோ எடுத்துவிடுங்கள். வெளியே நீட்டும் கால்களே இல்லாத தட்டைச் சிப்பாக இருந்தால் கிளிப் கவ்வாது, அதற்கென்று ஸ்பிரிங் ஊசி வைத்த புரோப் தனியாகக் கிடைக்கிறது. எழுதி முடிக்கும்வரை அதைக் கையால் அழுத்திப் பிடிக்க வேண்டியிருக்கும், கூட ஒரு ஆள் இருந்தால் சௌகரியம்.