வார்டில் ஆராய்ச்சி: சொல்லிக்கொடுப்பவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஆஸ்பத்திரியில் ஆராய்ச்சி என்றாலே பலருக்கும் பிஜி மாணவரின் தீசிஸ்தான் நினைவுக்கு வருகிறது. ஆனால் அந்தத் தீசிஸின் மாஸ்டர் சார்ட்டில் (எல்லா நோயாளிகளின் தகவலையும் தொகுத்த அட்டவணை) இருக்கும் எண்களை யார் தந்தது என்று பாருங்கள். காய்ச்சலைக் குறித்தவர் ஸ்டாஃப் நர்ஸ். ரத்தம் எடுத்தவர் ஹவுஸ் சர்ஜன். ரிசல்ட்டைப் பதிந்தவர் லேப் டெக்னீஷியன். இந்த எண் எதற்கு என்று இவர்களில் யாருக்காவது சொல்லியிருக்கிறோமா? பெரும்பாலும் இல்லை. ஆராய்ச்சியைக் கற்றுக்கொடுப்பதில் நடக்கும் தவறுகளில் பல இங்கிருந்துதான் கிளம்புகின்றன.

பயிற்சியைப் புள்ளியியலில் தொடங்குவதை முதலில் நிறுத்த வேண்டும். ஒருநாள் பட்டறை வைக்கிறோம். காலை பத்து மணிக்கே பி வேல்யூ, கை ஸ்கொயர் என்று ஆரம்பித்துவிடுகிறோம். டீ இடைவேளை வருவதற்குள் நர்ஸுகளில் பலர் ‘இது டாக்டர்கள் சமாச்சாரம்’ என்று ஒதுங்கிவிடுகிறார்கள். அவர்களிடம் கேள்விக்கா பஞ்சம்? ஐவி போட்ட கை மூன்றாம் நாள் ஏன் வீங்குகிறது? படுக்கைப்புண் ஏன் குறிப்பிட்ட ஒரு வார்டில் மட்டும் அதிகம்? கால் புண் ஆறி வீட்டுக்குப் போன சர்க்கரை நோயாளி ஏன் சீக்கிரமே திரும்பி வருகிறார்? அங்கிருந்து தொடங்குங்கள். கேள்வி அவருடையதாக இருக்கட்டும். அதைத் தீட்டித் தருவது மட்டும் நம் வேலை. யாரிடம், என்ன செய்து, எதோடு ஒப்பிட்டு, எந்த விளைவை, எவ்வளவு நாளில் பார்க்கப்போகிறோம் என்பது ஒரே வாக்கியத்தில் வந்துவிட்டால் பாதிக் கிணறு தாண்டியாயிற்று. புள்ளியியலுக்கு அதன்பிறகு நேரம் இருக்கிறது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் (ஐசிஎம்ஆர்) சென்னை தேசிய நோய்ப்பரவியல் நிறுவனம் பிஜி மாணவர்களுக்கும் ஆசிரியர்களுக்கும் அடிப்படை ஆராய்ச்சிப் படிப்பை இணையவழியில் நடத்துகிறது. பாடத்தை அங்கே படித்துக்கொள்ளலாம்; கேள்வியை எந்தப் படிப்பும் தராது.

தினமும் செய்துவரும் சிகிச்சையைக் கேள்வி கேட்கக் கூடாது என்ற தயக்கத்தையும் உடைக்க வேண்டும். கென்யா, உகாண்டா, தான்சானியா மருத்துவமனைகளில் கடும் காய்ச்சலும் ரத்த ஓட்டக் குறைவுமாக வந்த 3,141 குழந்தைகளிடம் நடந்த ஃபீஸ்ட் ஆய்வு 2011-இல் வெளியானது. ஷாக் என்றால் உடனே வேகமாக ட்ரிப்ஸ் ஏற்ற வேண்டும் என்பது அதுவரை எல்லோரும் சரியென்று நம்பிச் செய்த காரியம். ஆய்வின் முடிவு வேறு மாதிரி வந்தது. வேகமாக ஏற்றிய இரண்டு பிரிவுகளிலும் 48 மணி நேரத்துக்குள் இறந்தவர்கள் 10.5 சதவீதத்தையொட்டி இருந்தார்கள். அப்படி ஏற்றாத பிரிவில் 7.3 சதவீதம். ஐசியூ வசதி இல்லாத இடங்களில் நடந்த ஆய்வு என்பதையும் சேர்த்தே சொல்லிக்கொடுங்கள். எல்லா இடத்துக்கும் அப்படியே பொருத்திவிடக் கூடாது என்பதும் பாடத்தில் ஒரு பகுதிதான்.

அடுத்து, படிவம். நாம் ‘புரோஃபார்மா’ என்று அழைக்கும் அந்தத் தாள் பல இடங்களில் நான்கைந்து பக்கத்துக்கு நீள்கிறது. பின்னால் தேவைப்பட்டால் இருக்கட்டும் என்று சேர்த்த கட்டங்களே அதில் அதிகம். முப்பது நோயாளிகளை ஒற்றை ஆளாகப் பார்க்கும் சிஸ்டரிடம் அதைக் கொடுத்தால் என்ன நடக்கும்? முதல் வாரம் எல்லாக் கட்டமும் நிரம்பும். பிறகு பாதி காலியாகும். அதற்கப்புறம் ஷிஃப்ட் முடியும் நேரத்தில் மொத்தமாக உட்கார்ந்து, நினைவிலிருந்து நிரப்பும் வேலை ஆரம்பிக்கும். அவர்மேல் குறை சொல்ல எனக்கு மனம் வராது. படிவத்தை வடிவமைத்தவர்தான் யோசித்திருக்க வேண்டும். பிரிட்டனில் கோவிட் காலத்தில் நடந்த ரெக்கவரி ஆய்வைப் பாருங்கள். 2020 மார்ச்சில் தொடங்கி, நூற்றுக்கும் மேற்பட்ட சாதாரண அரசு மருத்துவமனைகளில், தலைக்கு மேல் வேலை இருந்த ஊழியர்களை வைத்தே அதை நடத்தினார்கள். சேர்க்கும்போது ஒரு சிறிய படிவம், டிஸ்சார்ஜிலோ 28-ஆம் நாளிலோ இன்னொன்று. அவ்வளவுதான். ஜூன் மாதத்துக்குள் விடை கிடைத்துவிட்டது: வெண்டிலேட்டரில் இருந்தவர்களின் இறப்பை டெக்சாமெத்தசோன் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு குறைத்தது. மலிவான, எந்த வார்டிலும் இருக்கும் மருந்து. விடையை அவ்வளவு சீக்கிரம் தந்ததில் அந்தப் படிவத்தின் சுருக்கத்துக்கும் பங்குண்டு. ஆகவே ஒவ்வொரு கட்டத்தையும் காட்டி, இது எந்த அட்டவணையில் வரப்போகிறது என்று மாணவரைக் கேளுங்கள். பதில் இல்லையென்றால் அடித்துவிடுங்கள்.

அளவு என்று ஒன்று இருக்கிறது

பயிற்சிகளில் அதிகம் விட்டுப்போவது இதுதான். எப்படிக் கணக்கிடுவது என்று மணிக்கணக்கில் பேசுகிறோம். எப்படி அளப்பது என்று பேசுவதில்லை. ஏதாவது ஒரு வார்டின் பிபி சார்ட்டை எடுத்துக் கடைசி இலக்கத்தை மட்டும் மேலிருந்து கீழாகப் படியுங்கள். 120/80, 130/90, 110/70, 140/90. பூஜ்யம், பூஜ்யம், பூஜ்யம். மெர்க்குரிக் கருவியில் இரண்டு இரண்டாகத்தான் கோடு இருக்கிறது. அப்படியானால் 0, 2, 4, 6, 8 ஐந்தும் ஏறக்குறைய சமமாக வர வேண்டும். பூஜ்யத்தில் முடிவது ஐந்தில் ஒன்றுதான். எல்லாமே பூஜ்யம் என்றால், காதில் கேட்டதை நாம் பக்கத்துப் பத்துக்குத் தள்ளியிருக்கிறோம். சிகிச்சைக்கு இது பெரிய வித்தியாசமாகத் தெரியாது. ஆனால் இரண்டு மருந்துகளுக்கு இடையே 4 மில்லிமீட்டர் வித்தியாசம் இருக்கிறதா என்று பார்க்கும் ஆய்வில், விடையே அந்தத் தள்ளலில் மூழ்கிப்போகும்.

இதை ஸ்லைடு போட்டு விளக்க வேண்டாம். சார்ட்டை அவர்கள் கையிலேயே கொடுத்து எண்ணச் சொல்லுங்கள். பிறகு ஒரே நோயாளிக்கு இரண்டு பேர், ஒருவர் எழுதியதை மற்றவர் பார்க்காமல், அளக்கட்டும். கையைச் சுற்றும் பட்டையின் அளவு சரியா, நோயாளி ஐந்து நிமிடம் உட்கார்ந்திருந்தாரா, கை இதயத்தின் மட்டத்தில் இருக்கிறதா, காற்றை நொடிக்கு இரண்டு மில்லிமீட்டர் வேகத்தில் இறக்குகிறோமா என்று ஒவ்வொன்றும் அப்போது தானாகவே பேச்சுக்கு வரும். நான் பார்த்தவரையில், இந்த ஒரு பயிற்சி முடிந்ததும் சிஸ்டர்கள் கேட்கும் கேள்விகளின் தரமே மாறிவிடுகிறது. வலியை 0 முதல் 10 வரை கேட்பதற்கும் இதே கதைதான். “வலி இருக்கா?” என்று ஒருவரும், “வலி கொறஞ்சிடுச்சுல்ல?” என்று இன்னொருவரும் கேட்டால், கிடைப்பது இரண்டு வேறு அளவுகள்.

கையெழுத்து வாங்கினால் ஒப்புதல் ஆகாது

இதில்தான் எனக்கு மிகுந்த கவலை. ஆபரேஷனுக்குக் கையெழுத்து வாங்கும் பழக்கம் அப்படியே ஆய்வுக்கும் வந்துவிடுகிறது. “அம்மா, இங்க ஒரு கையெழுத்துப் போடுங்க.” அந்த அம்மா மகனைப் பார்ப்பார், மகன் டாக்டரைப் பார்ப்பார், கையெழுத்து விழுந்துவிடும். இந்த வேலையை ஹவுஸ் சர்ஜன் தலையில் கட்டுவதும், அவர் அதை வார்டு சிஸ்டரிடம் தள்ளிவிடுவதும் பெரிய தவறு. ஆய்வைப் பற்றி முழுதாகத் தெரிந்து, கேட்கும் கேள்விக்குப் பதில் சொல்லக்கூடியவர்தான் ஒப்புதல் கேட்க வேண்டும்.

எப்படிக் கேட்பது என்பதை நடித்துப் பார்த்தே பழக வேண்டும். ஒருவர் நோயாளி, ஒருவர் டாக்டர், ஒருவர் கூட வந்த உறவினர். எல்லாம் சொல்லி முடித்ததும், “நாங்க சொன்னதுல உங்களுக்கு என்ன புரிஞ்சுதுன்னு உங்க வார்த்தையில ஒரு தடவை சொல்லுங்கம்மா” என்று கேட்கப் பழக்குங்கள். “புரிஞ்சுதா?” என்று மட்டும் கேட்டால் எல்லோரும் தலையாட்டிவிடுவார்கள். திருப்பிச் சொல்லச் சொன்னால்தான், “புது மருந்து, நல்லா கேக்குமாம், டாக்டர் எனக்காக எழுதியிருக்காரு” என்று அவர் நம்பிக்கொண்டிருப்பது வெளியே வரும். யாருக்கு எந்த மருந்து என்பது குலுக்கல் மாதிரிதான் முடிவாகும் என்று அப்போது மறுபடி விளக்கலாம். பெரும்பாலான நோயாளிகளின் மனதில் இருந்தும் வாய்விட்டுக் கேட்காத கேள்வி ஒன்றுண்டு: வேண்டாம்னா டாக்டர் கோவிச்சுக்குவாரா, வைத்தியம் பார்க்க மாட்டாங்களா? அவர் கேட்கும்வரை காத்திருக்காமல் நாமே முந்திக்கொண்டு பதில் சொல்லிவிட வேண்டும். படிக்கத் தெரியாதவர் என்றால், ஆய்வோடு சம்பந்தமில்லாத ஒரு சாட்சி முழு நேரமும் கூட இருக்க வேண்டும். கைநாட்டு வைத்தபிறகு சாட்சியைத் தேடிப் பிடிப்பது ஏமாற்று.

எத்திக்ஸ் கமிட்டி அனுமதியும், மருத்துவப் பரிசோதனைகளுக்கான இந்தியப் பதிவேடான சிடிஆர்ஐயில் பதிவும் நோயாளிகளைச் சேர்க்கத் தொடங்குவதற்கு முன்பே முடிந்திருக்க வேண்டும். பின்தேதியிட்டுச் சமாளிக்கலாம் என்று சீனியர் சொன்னால் ஜூனியர் கேட்கக் கூடாது. 2018 ஏப்ரல் 1 முதல், ஆள் சேர்க்கத் தொடங்கிவிட்ட மருத்துவப் பரிசோதனைகளைச் சிடிஆர்ஐ ஏற்பதும் இல்லை.

குலுக்கலை மீறுவது கெட்ட எண்ணத்தால் நடப்பதில்லை என்பதைப் பயிற்சி கொடுப்பவர் உணர வேண்டும். யாருக்கு எந்த மருந்து என்று குலுக்கல்படி எழுதி மூடிவைத்த உறையைப் பிரித்தால் பழைய மருந்து என்று இருக்கிறது, எதிரில் இருக்கும் நோயாளியோ மூச்சுக்குத் தவிக்கிறார். ‘பாவம், இவருக்குப் புதுசைக் கொடுப்போமே’ என்று அடுத்த உறையைப் பிரிக்கத் தோன்றுவது இரக்கத்தால்தான். அந்த இரக்கத்தைத் திட்டினால் அடுத்த முறை மறைத்துச் செய்வார்கள். நோய் முற்றியவர்களெல்லாம் ஒரே பக்கம் போய்ச் சேர்ந்தால், நல்ல மருந்துகூட மோசமானதாகத் தெரியும், அதனால் நாளைக்கு ஆயிரம் பேர் அதை இழப்பார்கள் என்று விளக்குங்கள். எது சிறந்தது என்பது நமக்கே இன்னும் தெரியாது என்பதால்தான் ஆய்வே நடக்கிறது. முடிந்தால் உறையை வார்டில் வைக்காமல் ஃபார்மசியிலோ வேறு துறையிலோ வையுங்கள். அந்தச் சபலத்துக்கே அவர்களை ஆளாக்காமல் இருப்பது நல்லது.

விட்டுப்போன எண்ணுக்குத் திட்டு விழும் வார்டில் விட்டுப்போன எண்ணே இருக்காது. எல்லாம் கற்பனையால் நிரம்பியிருக்கும். எடுக்கவில்லை என்று எழுதுவது குற்றமில்லை என்பதைத் துறைத்தலைவரே எல்லோர் முன்னிலும் சொல்ல வேண்டும். தவறாக எழுதியதை ஒரே கோடு போட்டு அடித்து, பக்கத்தில் சரியானதை எழுதி, கையொப்பமும் தேதியும் இட வேண்டும். ஒயிட்னர் கூடவே கூடாது. மருந்துப் பரிசோதனையில் கடுமையான பாதிப்பு ஏற்பட்டால் ஆய்வாளர் 24 மணி நேரத்துக்குள் தெரிவிக்க வேண்டும் என்பது 2019-ஆம் ஆண்டின் விதி. இரவு இரண்டு மணிக்கு அந்தப் பாதிப்பை முதலில் பார்க்கப்போவது டியூட்டி நர்ஸ். யாரை அழைப்பது என்று அவருக்குத் தெரியாவிட்டால் விதி இருந்து என்ன பயன்? அந்த போன் நம்பர் கேஸ் ஷீட்டின் முகப்பில் இருக்கட்டும். கேஸ் ஷீட்டைப் படமெடுத்து வாட்ஸ்அப் குரூப்பில் போடுவதை மட்டும் இன்றே நிறுத்துங்கள். பெயரும் உள்நோயாளி எண்ணும் (ஐபி நம்பர்) அதில் அப்படியே தெரிகின்றன.

எண்கள் எல்லாம் வந்து சேர்ந்தபிறகு கேள்வி தேடுவது இன்னொரு நோய். ஆண், பெண், வயது, எடை என்று பிரித்துப் பிரித்துப் பார்த்து, எங்காவது பி வேல்யூ (உண்மையில் வித்தியாசமே இல்லாதபோதும் இப்படியொரு வித்தியாசம் தற்செயலாக வரும் வாய்ப்பு) 0.05-க்குக் கீழே போனால் அதையே முடிவு என்கிறோம். மாரடைப்பில் ஆஸ்பிரின் உயிர் காக்கிறது என்று நிறுவிய ஐசிஸ்-2 ஆய்வின் ஆசிரியர்கள் 1988-இல் இதற்கு அருமையான பாடம் வைத்துவிட்டுப் போனார்கள். 17,187 நோயாளிகளை மேல்நாட்டு ஜோதிடப்படி பிறந்த ராசி வாரியாகப் பிரித்துக் காட்டினார்கள். மிதுனத்துக்கும் துலாத்துக்கும் மட்டும் ஆஸ்பிரின் பயன் தரவில்லை! கூறுபோட்டுக்கொண்டே போனால் எதை வேண்டுமானாலும் கண்டுபிடித்துவிடலாம் என்பதை இதைவிடத் தெளிவாக யாரும் காட்டியதில்லை. ராசி பலன் பார்க்கும் நம் ஊரில் இந்த அட்டவணையை ஒருமுறை காட்டினால் போதும், யாரும் மறக்க மாட்டார்கள்.

உழைத்தவருக்கு என்ன கிடைத்தது?

சென்னை சேத்துப்பட்டில் 1956-இல் தொடங்கிய காசநோய் ஆய்வு உலகத்தின் சிகிச்சை முறையையே மாற்றியது. 193 நோயாளிகளில் ஒரு பாதியைக் காசநோய் மருத்துவமனையான சானடோரியத்திலும் மறுபாதியை அவரவர் வீட்டிலும் வைத்து ஒரு வருடம் மருந்து கொடுத்தார்கள். வீட்டில், குறைந்த உணவோடும் நெருக்கடியோடும் இருந்தவர்களும் கிட்டத்தட்ட அதே அளவுக்குக் குணமானார்கள் என்று 1959-இல் வெளிவந்தது. வீடு வீடாகப் போய் மாத்திரையை எண்ணி, சிறுநீரைச் சோதித்து, குடும்பத்தைக் கவனித்த களப்பணியாளர்கள் இல்லாமல் அந்த முடிவு சாத்தியமே இல்லை.

இன்று வார்டு ஊழியரிடம் ஆய்வுக்காக நாம் கேட்பது பெரும்பாலும் அவருடைய சொந்த நேரத்தை. டியூட்டி பட்டியலில் அதற்கு இடம் ஒதுக்காமல் ‘ஆர்வம் இருந்தால் செய்வார்கள்’ என்று சொல்வது அநியாயம். வாரத்தில் இரண்டு மணி நேரமாவது நர்சிங் சூப்பரின்டென்டென்ட் கையெழுத்தோடு ஒதுக்குங்கள். திட்டமிடுவதிலோ தகவல் திரட்டுவதிலோ உண்மையான பங்கு உள்ளவரை, கட்டுரையை எழுதிச் சரிபார்க்கும் வேலையிலும் சேர்த்துக்கொண்டு ஆசிரியர் பட்டியலில் போடுங்கள். ஒரு வரியும் படிக்காத துறைத்தலைவர் பெயர் முன்னால் வருவதும் ஆறு மாதம் இரவுகளில் அளந்தவர் பெயர் நன்றியுரையில்கூட இல்லாமல் போவதும் இனி வேண்டாம்.

முடிவு வந்ததும் அதை முதலில் வார்டுக்குக் கொண்டுபோங்கள், மாநாட்டுக்கு அப்புறம் போகலாம். ஷிஃப்ட் மாறும் நேரத்தில் பதினைந்து நிமிடம் போதும். என்ன கேட்டோம், எத்தனை பேரிடம் பார்த்தோம், என்ன தெரிந்தது, நாளை முதல் எதை மாற்றப்போகிறோம் என்று தமிழில் ஒரு பக்கம் எழுதி நர்சிங் ஸ்டேஷனில் ஒட்டுங்கள். வித்தியாசம் எதுவும் இல்லை என்று வந்திருந்தால் அதையும் அதே பெரிய எழுத்தில் எழுதுங்கள். இரவு ஷிஃப்டில் இருப்பவர்களுக்கு மறுநாள் இரவே போய்ச் சொல்லிவிடுங்கள்.