சாப்பாடு ஒத்துக்கொள்ளாத பிள்ளை: வன்னி வீடுகளில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

பிள்ளைக்குச் சாப்பாடு தொடங்கிய புதிதில் உடம்பில் தடிப்பு வந்தாலோ, இரண்டு மூன்று தரம் சத்தி எடுத்தாலோ வீட்டில் உடனே ஆளுக்கொரு சாப்பாட்டை நிறுத்தச் சொல்வார்கள். அம்மம்மா முட்டையை நிறுத்தச் சொல்வா, அப்பம்மா மீனை. தக்காளியும் கத்தரிக்காயும் கிரந்தி என்று பக்கத்து வீட்டு அக்கா சொல்லிவிட்டுப் போவா. கடைசியில் பிள்ளையின் கிண்ணத்தில் மிஞ்சுவது வெள்ளைச் சோறும் உருளைக்கிழங்கும். இரண்டு மாதம் கழித்துக் கிளினிக்கில் நிறுத்துப் பார்த்தால் வளர்ச்சி அட்டையில் கோடு ஏறாமல் படுத்துக் கிடக்கும். தடிப்பு மறைந்திருக்கும், பிள்ளை காய்ந்திருக்கும். ஒத்துக்கொள்ளாத ஒரு சாப்பாட்டை நிறுத்துவது சரி. அதற்கு ஈடாக எதை வைப்பது என்று கேட்காமல் விடுவதுதான் இங்கே பெரிய பிழை.

எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் நிறுத்தினால் எது காரணம் என்பதும் தெரியாமல் போய்விடும். கொப்பியில் எழுதி வையுங்கள்: என்ன கொடுத்தது, எத்தனை மணிக்கு, எத்தனை மணிக்குத் தடித்தது அல்லது சத்தி எடுத்தது. மருத்துவர் முதலில் கேட்கப்போவது இந்த நேர இடைவெளியைத்தான். சில நிமிடங்களிலிருந்து இரண்டு மணி நேரத்துக்குள் தடிப்பும் வீக்கமும் வந்தால் அது ஒரு வகை. பல மணி நேரமோ சில நாளோ கழித்து மலத்தில் இரத்தம், சளி, ஓயாத சத்தி என்று வருவது வேறு வகை. இந்தப் பிந்தி வருகிற வகை இரத்தப் பரிசோதனையில் பெரும்பாலும் தெரியாது. அதனால் உங்கள் கொப்பிதான் சாட்சி. தக்காளியோ தோடம்பழமோ பட்டு வாயைச் சுற்றி மட்டும் சிவந்து அரை மணியில் அடங்குவது பெரும்பாலும் புளிப்பு தோலில் பட்ட எரிவு. அதற்காகப் பழத்தையே நிறுத்தத் தேவையில்லை.

பாலில் நடக்கிற குழப்பம்

'பால் ஒத்துவரேல்லை' என்று சொல்வதற்குள் இரண்டு வேறு நோய்கள் இருக்கின்றன. ஒன்று, பாலில் உள்ள லாக்டோஸ் என்ற சர்க்கரை செரிக்காமல் வயிறு ஊதி, வயிற்றால் போவது. கைக்குழந்தைகளில் இது பிறவியாக வருவது மிக அரிது. மாரியில் வெள்ளம் வந்து கிணறு கலங்கி, பிள்ளைக்கு நல்ல வயிற்றோட்டம் அடித்து ஓய்ந்த பிறகு சில கிழமைகளுக்கு இது வரலாம். குடல் தேறினால் தானாகப் போய்விடும். தாய்ப்பாலை நிறுத்தக்கூடாது. தாய்ப்பாலிலும் லாக்டோஸ் உண்டு, தாய் பால் குடித்தாலும் விட்டாலும் அதன் அளவு மாறாது.

மற்றது, பசுப்பாலின் புரதத்துக்கு உடம்பு எதிர்ப்புக் காட்டுவது. இதில் ஒரு கரண்டி கூடப் பிரச்சினை தரலாம். இதற்கு வன்னியில் எல்லா முற்றத்திலும் தயாராக நிற்கிற வைத்தியம் ஆட்டுப்பால். பசுப்பால் ஒத்துக்கொள்ளாத பிள்ளைக்கு ஆட்டுப்பால் நல்லது என்று தலைமுறையாகச் சொல்லி வருகிறார்கள். ஆனால் இரண்டு பாலின் புரதமும் ஏறக்குறைய ஒன்று. பசுப்பால் ஒவ்வாமை உள்ள பத்துப் பிள்ளைகளில் ஒன்பதுக்கு மேல் ஆட்டுப்பாலுக்கும் அதே எதிர்ப்பைக் காட்டும். எருமைத் தயிருக்கும் இதே கதைதான்.

தேங்காய்ப்பாலையோ கஞ்சித் தண்ணியையோ போத்தலில் ஊற்றிப் பாலாகக் கொடுப்பதும் நடக்கிறது. தேங்காய்ப்பாலில் கொழுப்பு உண்டு, புரதமும் கல்சியமும் காணாது. அது கறிக்குரிய சாமான், ஒரு வயதுக்குள் போத்தலுக்குரியதல்ல. தாய்ப்பால் கொடுக்க முடிகிறவர்கள் அதையே தொடர்வதுதான் நல்லதும் மலிவானதும். இதற்கென்று இருக்கிற, புரதத்தை உடைத்துச் செய்த விசேட மா கூலிவேலைக் குடும்பத்துக்குக் கட்டுப்படியாகாத விலை. அதையும் மருத்துவர் சொல்லாமல் வாங்கவேண்டாம். சில பிள்ளைகளுக்குத் தாயும் பால் சாமான்களை விடவேண்டி வரும். மருத்துவர் சொன்னால் இரண்டு தொடக்கம் நான்கு கிழமை விட்டுப் பார்ப்பது வழக்கம். இதில் பால் தேத்தண்ணியை விட்டுவிட்டு, பின்னேரம் பிளேன்ரீயோடு பிஸ்கட்டும் பால் ரொபியும் சாப்பிடுகிற தாய்மார் உண்டு. பிறகு 'விட்டும் பார்த்தன், ஒண்டும் மாறேல்லை' என்பார்கள். இன்னொரு பக்கம், பிள்ளைக்குத் தடிப்பு என்றவுடன் தாய்க்கே பத்தியம் போட்டு மீன், முட்டை, பருப்பு எல்லாவற்றையும் மறிக்கிற வீடுகள். பால் கொடுக்கிற தாயை அப்படிப் பட்டினி போடுவதால் யாருக்கும் நன்மையில்லை.

ஒளிந்திருக்கிற சாமான்கள்

கிளினிக்கில் தருகிற திரிபோஷா சத்துமாவில் சோளமும் சோயாவும் மட்டும் இருப்பதாகப் பலர் நினைக்கிறார்கள். அதில் பால்மாவும் உண்டு. நிறை குறைந்த பிள்ளை என்று மருத்துவமாது அக்கறையோடு தருவார், தாயும் அக்கறையோடு உருட்டிக் கொடுப்பா, இரவில் பிள்ளை சத்தி எடுக்கும். பால் ஒவ்வாமை இருப்பதை மருத்துவமாதுவிடம் சொல்லி அட்டையில் எழுதுவியுங்கள். சமபோஷா போன்ற சத்துமாக்களில் சோயா இருக்கும். பால் ஒத்துக்கொள்ளாத பிள்ளைகளில் சிலருக்குச் சோயாவும் ஒத்துவராது. பிஸ்கட், ரஸ்க், மாஜரின் பொதிகளில் 'வே', 'கேசீன்', 'மில்க் சொலிட்ஸ்' என்று இருந்தால் அதுவும் பால்தான்.

கோதுமை ஒத்துக்கொள்ளாத பிள்ளைக்குக் கடைப் பிட்டும் இடியப்பமும் நம்பிக் கொடுக்க முடியாது. அரிசி மாவோடு கோதுமை மா கலப்பது சாதாரணம். வீட்டில் குரக்கனைக் கழுவிக் காயவைத்து மில்லுக்குக் கொண்டுபோனாலும், முன்னால் நின்றவரின் சாமான் மெஷினில் ஒட்டியிருக்கும். அரைக்கத் தொடங்கியதும் விழுகிற முதல் ஒன்றிரண்டு சிரட்டை மாவைப் பெரியவர்களின் ரொட்டிக்கு ஒதுக்கிவிட்டுப் பிள்ளைக்குரியதைப் பிடிக்கலாம். கடும் ஒவ்வாமை என்றால் அதுவும் காணாது, வீட்டு உரலோ கிரைண்டரோதான்.

கிண்ணத்தில் என்ன வைப்பது

பால், முட்டை, கோதுமை மூன்றும் இல்லாமலே ஒரு நல்ல கிண்ணம் வன்னியில் கடினமில்லை. சிவப்புப் பச்சையரிசி ஒரு பிடி, தோல் போக்கிய பயறு அரைப்பிடி, ஒரு துண்டு பூசணி. குழைய அவியவிட்டு, இரணைமடுவிலோ வவுனிக்குளத்திலோ பிடித்த மீனில் ஒரு சதைத் துண்டைத் தனியே அவித்து, விரலால் நசித்து நசித்து முள் பார்த்துச் சேர்க்கவேண்டும். கண்ணால் பார்த்தால் போதாது, குளத்து மீனின் முள் விரலுக்குத்தான் அகப்படும். முருங்கையிலையைப் பொடியாக அரிந்து போட்டு, இறக்கும்போது தேங்காயின் தடித்த முதற்பால் இரண்டு மேசைக்கரண்டி. தேங்காய்ப்பாலுக்கு இங்கேதான் இடம். ஒரு வயதுவரை உப்பும் சீனியும் தேவையில்லை. கரண்டியால் மசித்தால் போதும், துணியில் வடித்துத் தண்ணியை மட்டும் பருக்குவது வேண்டாம். கரண்டியைச் சரித்தால் ஓடி விழாத தடிப்பில் இருக்கட்டும்.

மீன் ஒத்துக்கொள்ளாவிட்டால் கோழி ஈரல், இரும்புச்சத்துக்கு அது நல்ல ஈடு. பால் இல்லாத இடத்தில் கல்சியத்துக்குக் குரக்கன்: 100 கிராமில் 300 மில்லிகிராமுக்கு மேல் இருக்கிறது. கூழாகக் காய்ச்சி வாழைப்பழம் மசித்துக் கொடுக்கலாம். இனிப்புக்குக் காட்டுத் தேன் விடுகிற பழக்கத்தை மட்டும் ஒரு வயதுவரை தள்ளி வையுங்கள். முல்லைத்தீவுக் காட்டின் சுத்தமான தேன் என்றாலும் அதில் பொட்டுலிசம் என்ற நச்சுநோயைத் தரும் கிருமியின் வித்துகள் இருக்கலாம். கைக்குழந்தையின் குடல் அதைத் தாங்காது.

மீன் விசயத்தில் ஒன்று. சூரை மாதிரிச் சிவப்புச் சதை மீன் ஐஸ் இல்லாமல் வெயிலில் கிடந்தால் அதில் ஹிஸ்டமின் சேரும், சமைத்தாலும் போகாது. முகம் சிவந்து தடிப்பது ஒவ்வாமை போலவே இருக்கும். மோட்டார் சைக்கிள் பெட்டியில் மத்தியானம் வந்த மீனுக்குத் தடித்த பிள்ளை, காலையில் வந்த நல்ல மீனுக்குத் தடிக்காமலும் போகலாம். அன்று சாப்பிட்ட பெரியவர்களுக்கும் தடித்ததா என்று பாருங்கள்.

கச்சானுக்கும் முட்டைக்கும் பயம்

ஒவ்வாமை வரும் என்று பயந்து இரண்டு, மூன்று வயதுவரை கச்சானையும் முட்டையையும் காட்டாமல் இருப்பது பழைய அறிவுரை. இங்கிலாந்தில் நடத்தி 2015இல் வெளியிட்ட 'லீப்' ஆய்வு கச்சான் விசயத்தில் அதைப் புரட்டிப் போட்டது. கடும் எக்சிமாவோ (தோல் வரண்டு சிவந்து அரிக்கிற நோய்) முட்டை ஒவ்வாமையோ இருந்த பிள்ளைகளுக்கு 4 முதல் 11 மாதத்துக்குள் கச்சானைத் தொடங்கி ஐந்து வயதுவரை தொடர்ந்து கொடுத்தபோது, தவிர்த்த பிள்ளைகளைவிடக் கச்சான் ஒவ்வாமை சுமார் 80 வீதம் குறைந்தது. கச்சான் விளைகிற மண்ணில் இருக்கிறோம். வறுத்துத் தோல் ஊதி, கட்டியில்லாமல் அரைத்து, கஞ்சியில் கரைத்து அரைத் தேக்கரண்டியில் தொடங்கலாம். முழுக் கச்சான் கூடாது, புரைக்கேறும். ஏற்கெனவே கடும் எக்சிமாவோ வேறு ஒவ்வாமையோ உள்ள பிள்ளை என்றால் மருத்துவரைக் கேட்டபிறகு தொடங்குங்கள். முட்டையை நன்றாக அவித்தே கொடுக்கவேண்டும், அரைவேக்காடு வேண்டாம்.

புதுச் சாப்பாடு எதுவானாலும் காலையில் கொடுங்கள், இரண்டு மூன்று நாளைக்கு ஒன்றுதான். நெடுங்கேணிக்கும் ஒட்டுசுட்டானுக்கும் உள்ளே இருப்பவர்களுக்கு இரவு எட்டு மணிக்கு வாகனம் தேடுவது என்னவென்று தெரியும். உதடு, நாக்கு வீங்கினால், மூச்சு இழுத்தால், குரல் அடைத்தால், பிள்ளை சோர்ந்து துவண்டால் பார்வை பார்க்கவும் கைமருந்து அரைக்கவும் நிற்கக்கூடாது. 1990க்கு அடித்துச் சுவசெரிய அம்புலன்சைக் கூப்பிடுங்கள்.

முட்டை ஒத்துக்கொள்ளவில்லை என்று 9 மாதத்து எம்.எம்.ஆர். (சின்னமுத்து, கூகைக்கட்டு, ருபெல்லா) தடுப்பூசியைத் தவறவிடுவதும் இருக்கிறது. முட்டை ஒவ்வாமை அதற்குத் தடையில்லை. பிள்ளைக்கு எந்தச் சாப்பாட்டு ஒவ்வாமை இருந்தாலும் ஊசிக்கு முன் சொல்லிவிடுங்கள், தேவையென்றால் வைத்தியசாலையில் வைத்துப் போடுவார்கள்.

கடைசியாக, நிறுத்தியதைத் திரும்பத் தொடங்காமலே விட்டுவிடுவது. பசுப்பால் ஒவ்வாமை உள்ள பிள்ளைகளில் பெரும்பாலானோருக்குப் பள்ளிக்கூடம் போகிற வயதுக்குள் அது மாறிவிடும். ஆனால் ஐந்து வயதிலும் 'அவனுக்குப் பால் ஆகாது' என்றே பல வீடுகளில் இருக்கிறார்கள். ஒவ்வொரு தடவை கிளினிக் போகும்போதும் எப்போது திரும்பக் கொடுத்துப் பார்க்கலாம் என்று கேளுங்கள். முன்பு வீக்கமோ மூச்சுத்திணறலோ வந்த பிள்ளைக்கு அந்த முதல் கரண்டியை வைத்தியசாலையிலேயே கொடுக்கவேண்டும், குசினியில் அல்ல.