பள்ளியில் சிறப்புக் கல்வி உதவி: சான்றிதழ் வரும்வரை காத்திருக்காதீர்கள்

என் பையன் இரண்டாம் வகுப்பு முடிக்கும்போதும் 'க'வையும் 'த'வையும் மாற்றி மாற்றித்தான் எழுதுவான். நேற்று வாசித்த 'பட்டம்' இன்று அவனுக்குப் புதுச் சொல்லாக இருக்கும். ஆனால் ராத்திரி ஒரு கதை சொன்னால் காலையில் ஒரு வரி விடாமல் தன் தங்கைக்குத் திருப்பிச் சொல்வான். அப்போது அவன் படித்த தனியார் பள்ளியில் முதலில் "வீட்ல உட்கார வச்சு சொல்லிக் கொடுங்க" என்றார்கள், அப்புறம் "டிசி வாங்கிக்கிட்டு வேற ஸ்பெஷல் ஸ்கூல் பாருங்க" என்றார்கள். நானும் அழுதுகொண்டே வாங்கி வந்தேன். வாங்கியிருக்கவே கூடாது என்பது பிறகுதான் தெரிந்தது. இப்போது ஊராட்சி ஒன்றியத் தொடக்கப் பள்ளியில் ஐந்தாம் வகுப்பு படிக்கிறான். இடையில் யாரைப் பார்ப்பது, என்ன கேட்பது என்று தெரியாமல் அலைந்த அலைச்சல் கொஞ்சநஞ்சமில்லை. தெருவில் யாராவது ஒரு அம்மா என்னை நிறுத்தி இதைக் கேட்காத மாதமே இல்லை என்பதால், தமிழ்நாட்டு அரசுப் பள்ளிகளில் இது எப்படி நடக்கிறது என்று எனக்குத் தெரிந்ததை எழுதி வைக்கிறேன்.

முதலில் சட்டம், ஏனென்றால் இது தெரிந்திருந்தால் பேசும்போது குரல் நடுங்காது. 2016-ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 21 வகைக் குறைபாடுகளைச் சொல்கிறது. கண், காது, கை கால் மட்டும் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். ஆட்டிசம், அறிவுசார் குறைபாடு, பேச்சுக் குறைபாடு, என் பையனுக்கு இருக்கிற கற்றல் குறைபாடு எல்லாமே அதில் உண்டு. அதே சட்டத்தின் 16-ஆம் பிரிவு, அரசு நடத்துகிற பள்ளி மட்டுமில்லை, அரசு அங்கீகாரம் பெற்ற பள்ளிகளும் பாகுபாடு காட்டாமல் சேர்த்துக்கொள்ள வேண்டும், பிள்ளையின் தேவைக்கு ஏற்ற வசதி செய்து தர வேண்டும், கற்றல் குறைபாட்டைக் கூடிய சீக்கிரம் கண்டுபிடித்து அதற்கேற்ற மாதிரி சொல்லித் தர வேண்டும் என்கிறது. கண்டுபிடிப்பதும் பள்ளியின் வேலைதான் என்பதை நன்றாகக் கவனியுங்கள். "சர்டிபிகேட் கொண்டு வாங்க, அப்புறம் பாக்கலாம்" என்று யாராவது சொன்னால், வகுப்பில் கிடைக்க வேண்டிய உதவிக்கு அது பொருந்தாது. சான்றிதழ் தேவைப்படுவது பணம், சலுகை, அட்டை மாதிரி விஷயங்களுக்குத்தான். இது தெரியாமல் ஒரு வருடம் போனது எங்களுக்கு.

அதற்கும் முன்னால் ஒரு வேலை. கண்ணையும் காதையும் பரிசோதித்துவிடுங்கள். ஆர்பிஎஸ்கே என்கிற அரசுக் குழந்தைகள் நலத் திட்டத்தின் மருத்துவக் குழு வருடத்துக்கு ஒரு தடவை பள்ளிக்கு வந்து பிள்ளைகளைப் பார்க்கும், ஆனால் அன்றைக்கு உங்கள் பிள்ளை லீவு போட்டிருந்தால் அவ்வளவுதான். பையன் கூடப் படித்த ஒரு பெண் குழந்தையை இரண்டு வருடம் 'மந்தம்' என்று கடைசி பெஞ்சில் உட்கார வைத்திருந்தார்கள். காதில் நீர் கோத்து அவளுக்குச் சரியாகக் கேட்கவே இல்லை என்று பிறகு தெரிந்தது. அரசு மருத்துவக் கல்லூரியிலோ மாவட்டத் தலைமை மருத்துவமனையிலோ டிஇஐசி என்று ஒரு பிரிவு இருக்கும். 18 வயது வரை பிள்ளைகளின் வளர்ச்சியை இலவசமாகப் பரிசோதிக்கிற இடம் அது. "எங்க வீட்டுக்காரரும் லேட்டாத்தான் பேசினார், போகப் போகச் சரியாயிடும்" என்று மாமியார் சொன்னாலும் சரி, ஒரு தடவை போய்ப் பார்த்துவிட்டு வாருங்கள்.

சரி, பள்ளியில் எப்படி ஆரம்பிப்பது? வாயால் சொன்னது நிற்காது, தாளில் எழுதிக் கொடுங்கள். நான் தலைமை ஆசிரியரிடம் கொடுத்தது இவ்வளவுதான்: "என் மகன் மூன்றாம் வகுப்பு படிக்கிறான். எழுத்துகளை அடையாளம் காண்பதிலும் சொற்களை வாசிப்பதிலும் வயதுக்கு மிகவும் பின்தங்கி இருக்கிறான். வட்டார வள மையத்தின் சிறப்பாசிரியரைக் கொண்டு அவனை மதிப்பீடு செய்து, உள்ளடக்கிய கல்வித் திட்டத்தில் சேர்த்து, தேவையான உதவியைச் செய்யுமாறு கேட்டுக்கொள்கிறேன்." தேதி போட்டு இரண்டு பிரதி எடுங்கள், ஒன்றில் 'பெற்றுக்கொண்டேன்' என்று கையெழுத்து வாங்கிக்கொள்ளுங்கள். கேட்கச் சங்கடமாக இருக்கும், இருந்தாலும் கேளுங்கள். எங்கள் தலைமை ஆசிரியை கோபப்படவில்லை. "இப்படி எழுதிக் கொடுத்தா எனக்கும் மேல பேச வசதி" என்றுதான் சொன்னார்.

அந்த வட்டார வள மையத்தைத்தான் எல்லோரும் பிஆர்சி என்று சொல்வார்கள். ஒருங்கிணைந்த பள்ளிக் கல்வித் திட்டத்தின் கீழ் ஒவ்வொரு வட்டாரத்துக்கும் ஒன்று இருக்கும். சிறப்பாசிரியர்களும் இயன்முறை மருத்துவரும் அங்கேதான் இருப்பார்கள், அங்கிருந்துதான் பள்ளிகளுக்கு வருவார்கள். சிறப்பாசிரியர் வந்து பார்த்ததும் இஎம்ஐஎஸ் என்கிற பள்ளிக் கல்வித் துறையின் இணையப் பதிவேட்டில் உங்கள் பிள்ளையைச் சிறப்புத் தேவையுள்ள குழந்தை என்று பதிவு செய்ய வைக்க வேண்டும். பதிவு ஆகிவிட்டதா என்று நேரில் கேட்டு உறுதி செய்துகொள்ளுங்கள், ஏனென்றால் முகாம், உபகரணம், உதவித்தொகை எதுவானாலும் பட்டியல் அங்கிருந்துதான் எடுக்கிறார்கள். "பெயர் இப்படி ஏறிவிட்டால் எதிர்காலம் பாழாகிவிடுமோ" என்று நானும் பயந்தேன். அப்படி எதுவும் ஆகவில்லை. ஐந்தாம் வகுப்பில் அவனை யாரும் அந்தப் பெயர் சொல்லிக் கூப்பிடுவதும் இல்லை.

இன்னொன்று, அரசுப் பள்ளியில் எண்ணும் எழுத்தும் திட்டத்தில் பிள்ளைகளை அரும்பு, மொட்டு, மலர் என்று நிலை பிரித்துச் சொல்லித் தருவார்கள். "உங்க பையன் அரும்புலதான் இருக்கான்" என்று டீச்சர் சொன்னால் குறைபாடு என்று அர்த்தமில்லை, அடிக்கடி லீவு போடுகிற பிள்ளையும் அரும்பில் இருக்கும். ஆனால் வருடம் முழுக்க ஒழுங்காக வந்தும் அரும்பை விட்டு நகரவில்லை என்றால், நேரம் கடத்தாமல் மேலே சொன்ன கடிதத்தைக் கொடுங்கள்.

சிறப்பாசிரியர் தினமும் வருவார் என்று எதிர்பார்க்காதீர்கள். ஒருவரே பல பள்ளிகளைப் பார்க்கிறார், அதுவும் தொகுப்பூதியத்தில். தொடக்க வகுப்புகளில் சிறப்புத் தேவையுள்ள 10 பிள்ளைகளுக்கு ஒரு சிறப்பாசிரியர் வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2021-இல் சொன்னது. நிலைமை அதற்கு எவ்வளவு தூரத்தில் இருக்கிறது என்பது அந்த ஆசிரியைகள் பஸ் மாறி மாறி ஓடுவதைப் பார்த்தாலே தெரியும். அதனால் நிஜமான உதவி வகுப்பு ஆசிரியர் கையில்தான் இருக்கிறது. சிறப்பாசிரியர் வருகிற நாளில் நீங்களும் போய், வகுப்பு ஆசிரியரையும் வைத்துக்கொண்டு மூன்று பேருமாக உட்கார்ந்து பேசுங்கள். பதினைந்து நிமிடம் போதும்.

அந்தப் பதினைந்து நிமிடத்தில் பேச வேண்டியது பிள்ளைக்கான தனிக் கல்வித் திட்டம், ஐஇபி என்பார்கள். 'நன்றாகப் படிக்க வேண்டும்' என்று எழுதினால் அது திட்டமே இல்லை. எங்களுடையதில் முதலில் எழுதியது, 'அரையாண்டுத் தேர்வுக்குள் மெய்யெழுத்து வராத இரண்டெழுத்துச் சொற்கள் இருபதை உதவி இல்லாமல் வாசிப்பான்.' படி, குடை, மாடு மாதிரியான சொற்கள். நடந்ததா இல்லையா என்று யார் வேண்டுமானாலும் பார்த்துச் சொல்லிவிடலாம். கூடவே வகுப்பில் என்ன மாற்றம் என்பதையும் எழுத வைத்தோம். முதல் வரிசையில் இடம். கரும்பலகையில் இருப்பதில் பாதி எழுதினால் போதும். சமூக அறிவியல் பதிலை வாயால் சொல்லலாம். சத்தமாக வாசிக்கச் சொல்வதென்றால் முதல் நாளே எந்தப் பத்தி என்று சொல்லிவிட வேண்டும். கடைசியாகச் சொன்னதுதான் அவனைப் பள்ளிக்குப் பயமில்லாமல் போக வைத்தது. விளையாட்டுப் பீரியடை எடுத்துக் கூடுதல் பாடம் நடத்த மட்டும் சம்மதிக்காதீர்கள். நாள் முழுக்க எழுத்தோடு மல்லுக்கட்டுகிற பிள்ளைக்கு ஓடுகிற அந்த அரை மணி நேரம்தான் மூச்சு.

சிறப்பாசிரியை சொல்லிக் கொடுத்த ஒரு வித்தை இன்னும் எங்கள் வீட்டில் இருக்கிறது. பழைய கல்யாணப் பத்திரிகை அட்டையில் ஒரு வரி அளவுக்கு நீளமாக ஓட்டை வெட்டி, அதைப் புத்தகத்தின்மேல் வைத்து, ஒரு வரி மட்டும் தெரிகிற மாதிரி நகர்த்தி நகர்த்தி வாசிக்க வைத்தார். பக்கம் முழுக்க எழுத்தைப் பார்த்தாலே புத்தகத்தை மூடிவிடுகிறவன், அந்த ஜன்னல் வழியாக ஒரு வரியை வாசித்து முடித்துவிட்டு "அடுத்தது" என்றான். காசு செலவில்லை.

இனி சான்றிதழ். வட்டார அளவில் மருத்துவ மதிப்பீட்டு முகாம் போடுவார்கள், தேதியைப் பள்ளியிலேயே சொல்லிவிடுவார்கள். ஆதார், குடும்ப அட்டை, பாஸ்போர்ட் அளவு புகைப்படம், பழைய மருத்துவச் சீட்டுகள் எல்லாவற்றிலும் நகல் வைத்துக்கொள்ளுங்கள். பிள்ளைக்குச் சாப்பாடும் தண்ணீரும் கொண்டு போங்கள், ரொம்ப நேரம் காத்திருக்க வேண்டி வரும். எங்கள் முறை வந்தபோது மணி இரண்டு. உளவியலாளர் வண்ணக் கட்டைகளை அடுக்கிக் காட்டி அதே மாதிரி செய்யச் சொன்னார். இவன் பசியில் மேசைமேல் தலை சாய்த்துவிட்டான். அவர் நல்ல மனிதர், "சாப்பிட வச்சுட்டுக் கூட்டிட்டு வாங்க" என்று அனுப்பினார். தயிர்சாதம் ஊட்டிக் கூட்டிப் போனதும் கடகடவென்று அடுக்கினான். காய்ச்சலோ தூக்கமோ இருந்தால் வேறு நாள் கேளுங்கள், வெட்கப்படாதீர்கள். அன்றைக்கு எழுதுகிற குறைபாட்டுச் சதவீதம்தான் தாளில் நிற்கும்.

முகாமைத் தவறவிட்டாலும் யுடிஐடி என்கிற மாற்றுத்திறனாளி அடையாள அட்டைக்கு ஆன்லைனில் நாமே விண்ணப்பித்து அரசு மருத்துவமனைக்குப் போகலாம். குறைபாடு 40 சதவீதமோ அதற்கு மேலோ இருந்தால்தான் பெரும்பாலான சலுகைகள் கிடைக்கும். 6 முதல் 18 வயது வரை இலவசக் கல்வி உரிமையும் அதில் அடக்கம், அது பக்கத்துப் பள்ளியிலா சிறப்புப் பள்ளியிலா என்று தேர்ந்தெடுப்பது நம் விருப்பம். சின்னப் பிள்ளைகளுக்குத் தற்காலிகச் சான்றிதழ் கொடுத்தால் அதில் முடிவுத் தேதி இருக்கும், அதை அடுப்படிக் காலண்டரில் குறித்து வையுங்கள். கற்றல் குறைபாட்டுக்கு மட்டும் பொதுவாக எட்டு வயதுக்குப் பிறகுதான் சான்றிதழ் தருவார்கள். ஆறு வயதுப் பிள்ளைக்கு அது கிடைக்காது, வகுப்பில் உதவி கட்டாயம் கிடைக்க வேண்டும்.

பண விஷயத்தைச் சுருக்கமாகச் சொல்கிறேன். சிறப்புத் தேவையுள்ள பெண் குழந்தைகளுக்கு மாதம் 200 ரூபாய் வீதம் 10 மாதத்துக்கு ஊக்கத்தொகை உண்டு. பள்ளிக்கு வந்துபோக முடியாதவர்களுக்குப் பயணப்படி, துணைக்கு வருகிறவருக்கான படி, சக்கர நாற்காலி, காது கேட்கும் கருவி எல்லாம் பிஆர்சி வழியாகக் கேட்கலாம். ஆட்டிசம், மூளை முடக்குவாதம், அறிவுசார் குறைபாடு இருக்கிற பிள்ளைகளுக்கு நிராமயா என்று ஒரு மருத்துவக் காப்பீடு இருக்கிறது, வருடத்துக்கு 1 லட்சம் ரூபாய் வரை. பேச்சுப் பயிற்சி, தெரபி என்று மாதாமாதம் செலவழிக்கிற குடும்பங்கள் இதைக் கண்டிப்பாக விசாரியுங்கள். படுக்கையை விட்டு எழ முடியாத பிள்ளைகளுக்குச் சிறப்பாசிரியர் வீட்டுக்கே வந்து பயிற்சி தருவார். ஆனால் வந்து உட்கார முடிகிற பிள்ளையை "வீட்டுலயே வச்சுக்கங்க, நாங்க வரோம்" என்று சொன்னால் ஒத்துக்கொள்ளாதீர்கள், அந்தப் பிள்ளைக்கு மற்ற பிள்ளைகளின் சத்தம் வேண்டும்.

எழுதிக் கொடுத்தும் எதுவும் நடக்கவில்லையா? ஒரு மாதம் பாருங்கள். அப்புறம் கையெழுத்து வாங்கிய நகலோடு பிஆர்சிக்கு நேரில் போங்கள், அடுத்து வட்டாரக் கல்வி அலுவலர். பள்ளிக் கல்வித் துறையின் உதவி எண் 14417-க்குப் போன் செய்து கேட்கலாம். பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்தில் எழுந்து சொல்லலாம், நான் அதைத்தான் செய்தேன், சொல்லி முடித்ததும் இன்னும் இரண்டு அம்மாக்கள் எழுந்து தங்கள் பிள்ளைகளைப் பற்றிப் பேசினார்கள். தனியார் பள்ளியில் டிசி வாங்கச் சொன்னால், காரணத்தை எழுத்தில் கொடுங்கள் என்று மட்டும் கேளுங்கள். அதற்கும் மசியவில்லை என்றால் சென்னையில் மாற்றுத்திறனாளிகளுக்கான மாநில ஆணையரிடம் புகார் கொடுக்கலாம்.

ஜூன் மாதம் ஆறாம் வகுப்புக்கு வேறு பள்ளி போகிறான். இஎம்ஐஎஸ் எண் கூடவே போகும், ஆனால் புது ஆசிரியர்கள் அதைத் திறந்து பார்க்கிற வரைக்கும் அவன் திரும்பக் கடைசி பெஞ்சுக்குப் போய்விடக் கூடாது என்று ஒரு கோப்பு தயாரித்து வைத்திருக்கிறோம். சான்றிதழ் நகல், ஐந்து வருட நோட்டுகளில் இருந்து வருடத்துக்கு ஒரு பக்கம், ஐஇபி தாள்கள். எல்லாவற்றுக்கும் மேலே அவனே சொல்லச் சொல்ல நான் எழுதிய ஒரு பக்கம் இருக்கிறது. அதில் முதல் வரி: "சார், கேள்விய நீங்க வாசிச்சுக் காட்டினா எனக்குப் பதில் தெரியும்."